போட்டோவுக்கு நிற்காத ரோகு

போன ஞாயிற்றுக்கிழமை பவாய் ஏரிக்கரையில் எனக்கும் சுடலைமுத்து அண்ணாச்சிக்கும் சண்டை வந்துவிட்டது. ஒரு மீனுக்காக!

அண்ணாச்சி தாராவியில் தகரப் பெட்டி செய்து விற்கிறவர். திருநெல்வேலிப் பக்கம். மாதுங்காவில் குடியிருந்து கோட்டைப் பகுதிக்கு ஆபீஸ் போகிற எனக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம்? டிரங்குப் பெட்டி வாங்கப் போன இடத்தில், சுவரோரம் ஒரு தூண்டில் கம்பைச் சாய்த்து வைத்திருந்தார். "இது என்ன?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. ஒரு வருஷமாக ஞாயிறு விடிந்தால் இரண்டு பேரும் லோக்கல் ரயிலில் விக்ரோலி வரை போய், அங்கிருந்து ஏரிக்கு நடக்கிறோம்.

இதில் ஒரு சிக்கல். எங்கள் வீட்டில் மீன் கிடையாது. அந்தப் பேச்சே கிடையாது. "என்னத்தையோ பிடிங்கோ. ஆனா அது வாசப்படி தாண்டி உள்ளே வரப்படாது" என்பது என் மனைவி கமலாவின் சட்டம்.

சாப்பிடாதவன் எதற்கு மீன் பிடிக்கிறான் என்கிறீர்களா? டென்னிஸ் ஆடுகிறவர் பந்தையா சாப்பிடுகிறார்?

ஆனால் நான் மீன் பிடிக்கிறேன் என்பதை ஆபீஸில் ஒருவரும் நம்பவில்லை. எனக்கு மாட்டுவதெல்லாம் விரல் நீளம்தான். அதையும் அண்ணாச்சி, "வளரட்டும் வே" என்று தண்ணீரில் விட்டுவிடுவார். பக்கத்து மேஜை ஜோஷி திங்கட்கிழமை தவறாமல் கேட்பார்: "ஃபோட்டோ திகாவ், சாஹேப்!" போட்டோதானே, காட்டுகிறேன் இரு, என்று மனசுக்குள் கறுவிக்கொண்டிருந்தேன்.

போன ஞாயிறு அந்த நாள் வந்தது. முதல் மழை பெய்து இரண்டு நாள் ஆகியிருந்தது. என் தக்கை லேசாக ஆடியது... அப்புறம் காணவே காணோம்! ரீல் அலறியது. நானும் அலறினேன்.

"இழுக்காதேரும்! ஓட விடும் வே, ஓட விடும்!" என்று அண்ணாச்சி கத்தினார்.

அது ஓடியது, நான் சுற்றினேன். மறுபடி ஓடியது. கை கடுத்து, கண்ணாடி நழுவி, வேட்டியெல்லாம் சேறாகி, கடைசியில் அண்ணாச்சி வலையைக் கொடுத்து ஏந்தி, கரையில் ஈரச் சாக்கில் கிடத்தினார். ரோகு! என் கையை நீட்டி வைத்தால் தோளிலிருந்து விரல் நுனி வரை. அதை அப்படியே சாக்கோடு சுற்றி, மாதுங்கா ஸ்டூடியோவில் போய் நிற்க வேண்டியது. திங்கட்கிழமை ஜோஷியின் மேஜையில் போட்டோ... நான் ஏற்கெனவே சிரித்தபடி போஸ் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

அண்ணாச்சி மட்டும் சிரிக்கவில்லை. மீனின் வயிற்றைப் பார்த்தார். பானை மாதிரி உப்பியிருந்தது.

"சினை வே. விட்டுருவோம்."

"என்ன அண்ணாச்சி, விளையாடறேளா? ஒரு வருஷமா காத்துண்டிருக்கேன்!"

"அது மழைக்குக் காத்துக்கிட்டு இருந்துச்சு. இப்பந்தான் ஓடைப் பக்கம் ஏறி முட்டை விடும். இது வயித்துக்குள்ள ஒரு ஏரியே இருக்கு வே."

"ஒரே ஒரு மீன்தானே? இதனால ஏரி காலியாயிடுமா?"

"கரையில இருக்கிற அத்தனை பேரும் அதத்தான சொல்லுதான்?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "உங்களுக்கென்ன, சொல்லிட்டேள். பிடிச்சது நானாக்கும்!"

"எனக்கென்னவா? மச்சினன் ஊர்லருந்து வந்திருக்கான். ஒங்க மதினி விடியக்காலமே மசாலா அரைச்சு வச்சிட்டா. மீனில்லாமப் போனா எனக்கு என்ன கிடைக்கும்னு ஒமக்குத் தெரியாது."

தின்னப் போகிறவர் விடச் சொல்கிறார். வாயில்கூட வைக்காத நான் கொல்லத் துடிக்கிறேன்! கீழே, சாக்கில், செவுள் மெதுவாகத் திறந்து மூடிக்கொண்டிருந்தது. நாங்கள் தர்க்கம் பண்ணிய நேரமெல்லாம் அதன் மூச்சிலிருந்துதான் போயிருந்தது.

"விடுங்கோ" என்றேன்.

அவர் தூண்டில் முள்ளைப் பதமாக எடுத்து மீனை நீரில் இறக்கினார். அது அப்படியே புரண்டு மல்லாந்தது.

"எறங்கும் வே! கையை நனைச்சிட்டுப் பிடியும். காஞ்ச கை பட்டா மேல இருக்கிற வழுவழுப்பு போயிரும். நிமித்திப் பிடியும். நசுக்கிராதேரும்."

இடுப்பளவு தண்ணீரில் அதை இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டு நின்றேன். எத்தனை நேரமோ தெரியாது. ஒரு மீனுக்காக, பெயர் தெரிந்த தெய்வத்தையெல்லாம் கூப்பிட்டேன். செவுள் ஒருதரம் அசைந்தது. இன்னொரு தரம். சட்டென்று வாலால் என் முகத்தில் ஓர் அறை — போய்விட்டது!

கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு அண்ணாச்சியைப் பார்த்தேன். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். நானும் சிரித்தேன். ஆபீஸில் பிரமோஷன் வந்த அன்றுகூட அப்படிச் சிரித்ததில்லை.

திரும்புகையில் அண்ணாச்சி சயான் ஸ்டேஷனில் இறங்கி, மார்க்கெட் பக்கம் போனார். மச்சினனுக்குக் கத்தரிக்காய்.

திங்கட்கிழமை ஜோஷியிடம் நடந்ததைச் சொன்னேன். அந்த செக்‌ஷனே சிரித்தது. எவனோ பிடித்ததாகப் பொய் சொன்னால் நம்புகிறார்கள், சார். விட்டதாக உண்மை சொன்னால்தான் நம்புவதில்லை!

வீட்டில் வேறு மாதிரி. கமலா காப்பி ஆற்றுவதை நிறுத்திவிட்டு முழுக்கக் கேட்டாள். "வாயும் வயிறுமா இருந்ததையா சாக்குல போட்டு வச்சுண்டு சண்டை போட்டேள்?" என்றாள். அப்புறம் குரலைத் தணித்து, "அது சரியாப் போயிடுத்தா?" என்றாள். எங்கள் வீட்டில் ஒரு மீனின் சௌக்கியத்தை விசாரித்தது அதுதான் முதல் தடவை.

மழைக்காலம் முடிகிற வரை தூண்டிலைத் தொடுவதில்லை என்று அண்ணாச்சியும் நானும் முடிவு செய்துவிட்டோம். இனி ஞாயிறு முழுவதும் நான் வீட்டில்தான்.

ஏரி மீன்களுக்கு நிம்மதி. கமலாவுக்குத்தான் கவலை.