கேட்காமல் விட்ட சீட்டு

ஹோட்டலில் சாப்பிட்டுவிட்டு எழும்போது, கல்லாப் பக்கத்தில் பூட்டுப் போட்ட டிப்ஸ் பெட்டி இருக்கிறதா என்று இன்றைக்கும் பார்ப்பேன். இருந்தால், பரிமாறியவரைத் தேடிப் போய் அவர் கையிலேயே பணத்தைக் கொடுத்துவிட்டு வருவேன். கூட வருகிறவர்களுக்கு இது கோமாளித்தனமாகத் தெரியும். தெரியட்டும். அந்தப் பெட்டிக்குள் விழுகிற காசு எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். அப்படி ஒரு பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு வருடம் உட்கார்ந்து சம்பளம் வாங்கியவன் நான்.

தொண்ணூறுகளின் நடுவில் ஆர்.எஸ்.புரத்தில் ஒரு சைவ ஹோட்டலில் கேஷியராக இருந்தேன். பி.காம். முடித்து, மில் ஆபீஸ்களுக்கெல்லாம் மனுப் போட்டு ஓய்ந்து, கடைசியில் வந்து சேர்ந்த இடம். நகை வாங்க வந்தவர்கள், பட்டு எடுக்க வந்தவர்கள், டாக்டரிடம் டோக்கன் வாங்கிவிட்டுக் காத்திருப்பவர்கள் என்று காலையிலிருந்தே டேபிள் காலியாகாது. சாப்பிட்டு முடித்தவர்கள் சோம்புத் தட்டில் ஒரு ரூபாயோ இரண்டு ரூபாயோ வைத்துவிட்டுப் போவார்கள். அது அந்த டேபிளைப் பார்த்த சப்ளையருக்கு. அவர் அதில் கொஞ்சம் டேபிள் துடைக்கிறவருக்குக் கொடுப்பார். இதற்காக ஒரு நாளும் அவர்களுக்குள் சண்டை வந்து நான் பார்த்ததில்லை.

முதலாளிக்குத்தான் அது கண்ணை உறுத்தியது. தை மாதம் ஒரு தகரப் பெட்டியைக் கொண்டுவந்து என் மேஜைமேல் வைத்தார். மேலே காசு போட ஒரு சந்து, பக்கத்தில் பூட்டு. சாவி அவருடைய சட்டைப் பையில்.

"எல்லார்த்துக்கும் சமமாப் போகோணுமில்லீங்க. இனித் தட்டுல உழறதெல்லாம் இதுலயே போட்டுருங்க. அமாவாசைக்கு அமாவாசை பூஜை முடிச்சு நானே பிரிச்சுத் தாரேன்" என்றார்.

அவர் யாரிடமும் குரலை உயர்த்திப் பேசியதே கிடையாது. பாத்திரம் கழுவுகிற பெண்ணைக்கூட அம்மணி என்றுதான் கூப்பிடுவார். அந்த மரியாதையில்தான் நாங்கள் மொத்தமாக ஏமாந்தோம்.

முதல் அமாவாசைக்கு ஒழுங்காகப் பிரித்தார். ஆளுக்கு இருநூற்றெண்பது ரூபாய் கிடைத்தது. பங்குனி அமாவாசைக்கு ஒரு புதுச் சட்டம் வந்தது. கல்லாவில் மாதம் முழுக்கக் குறைந்த தொகை முதலில் பெட்டியிலிருந்து கழியும். பெட்டிப் பணம் பத்தாவிட்டால்தான் என் சம்பளத்தில் பிடிப்பார். "கேஷியர் ஒருத்தரு தலையிலயே கட்டறது பாவமில்லீங்களா" என்று சப்ளையர்களிடம் சொன்னார். அவர்களும் தலையாட்டினார்கள். என்மேல் அவர்களுக்கு அவ்வளவு பிரியம். நினைத்தால் இப்போதும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

ஏனென்றால், கல்லா ஏன் குறைகிறது என்று எனக்குத் தெரியும்.

முதலாளி மனைவியின் தம்பி ஒருவர் இருந்தார். நாங்கள் எல்லோரும் அவரை மச்சினர் என்போம். ஹோட்டலுக்குக் காய்கறியும் பாலும் அவர் பார்த்துக்கொள்வதாகப் பேச்சு. சாயங்காலம் ஐந்து மணிக்கு ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு வருவார். "ஏனுங்க தம்பி, சாப்டீங்களா? ஒரு நூறு எடுத்துக்கறனுங்க" என்பார். என்னைக் கேட்டுவிட்டு அவரே கல்லாவுக்குள் கையை விடுவார். நூறு என்றால் நூறுதான், அதில் பொய் கிடையாது. நானும் "செரீங்க" என்பேன். வருகிற நாளெல்லாம் இதே பேச்சு, இதே நூறு. மளிகைக்காரருக்கோ வாழை இலைக்காரருக்கோ பணம் கொடுத்தால் சீட்டில் கையெழுத்து வாங்கிக் கம்பியில் குத்தி வைப்பேன். மச்சினரிடம் மட்டும் கேட்டதில்லை. முதலாளி வீட்டு மனிதரிடம் சீட்டு நீட்டுவது, அவரைத் திருடன் என்று சொல்வதற்குச் சமம் என்றுதான் எங்கள் பக்கத்தில் வளர்ந்த எவனுக்கும் தோன்றும்.

முதலாளிக்கு இது தெரியாதா? பெட்டி வருவதற்கு முன்னால் கல்லா குறைந்தால் அவர் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு நோட்டை மூடிவிடுவார். யார் எடுத்தது என்று தெரியாதவன் அப்படி மூடுவானா? மச்சினனைக் கேட்டால் வீட்டில் பிரச்சனை. சப்ளையரிடம் பிடித்தால் யார் வீட்டில் பிரச்சனை?

பங்குனி அமாவாசைக்குப் பிறகு, பழைய பில் புத்தகம் ஒன்றின் பின்பக்கத்தில் தேதி போட்டு, மச்சினர் எடுத்ததை எழுத ஆரம்பித்தேன். யாருக்கும் காட்டவில்லை. மரியாதை மட்டும் அதற்குக் காரணமில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். பெட்டி இருக்கிறவரைக்கும் என் சம்பளம் முழுசாக வந்துகொண்டிருந்தது. வாயைத் திறந்தால் வேலையே போகலாம். போகாவிட்டாலும், கேஷியரே மொத்தத்தையும் கட்டட்டும் என்று முதலாளி திரும்பிவிடலாம். முதலாளி எடுத்துக்கொண்டார், நான் பக்கத்தில் உட்கார்ந்து காவல் காத்தேன்.

சப்ளையர்களில் மூத்தவர் பல்லடம் பக்கத்துக்காரர். நாற்பது வயதிருக்கும். விசைத்தறி ஓட்டிக்கொண்டிருந்தவர்; தறிக்காரர் ஷெட்டை விற்றுவிட்டதால் பரிமாற வந்துவிட்டார். நான்கு வருடமாக ஹோட்டல் மாடியில்தான் படுக்கை. மனைவி ஊரில் கோழிப்பண்ணை வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். ஒரே மகள், அந்த வருடம் ஐந்தாவது முடித்திருந்தாள். மாதத்துக்கு ஒரு முறை போய்ப் பார்த்துவிட்டு வருவார். அந்தப் பெண் தன்னிடம் பேசக் கூச்சப்படுகிறாள் என்று ஒரு நாள் என்னிடம் சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் முகம் எப்படி இருந்தது என்று எழுத எனக்கு வரவில்லை.

போத்தனூரில் ஒரு லைன் வீடு பார்த்து வைத்திருந்தார். ஒரே அறை, மூலையில் அடுப்பு மேடை, ஆறு குடித்தனத்துக்கு ஒரு குழாய். "கதவத் தொறந்தா ரயிலுதானுங்க தம்பி. விடிய விடியச் சத்தந்தான். தறிச் சத்தத்துல தூங்குன புள்ளைய அது என்னுங்க பண்ணீரும்" என்று சிரிப்பார். வாடகை கட்டிவிடலாம், அட்வான்ஸ் மூவாயிரம்தான் கஷ்டம். வீட்டுக்காரம்மா கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிக்கொள்ள ஒத்துக்கொண்டிருந்தார். வைகாசி அமாவாசை மத்தியானத்துக்குள் மீதி வந்துவிட வேண்டும், இல்லையென்றால் முழுப்பணத்தோடு காத்திருக்கிற இன்னொருவருக்கு வீடு போய்விடும் என்பது பேச்சு.

பெட்டிப் பணத்தை நம்பித்தான் அவர் கணக்குப் போட்டிருந்தார். பங்குனியில் ஆளுக்கு நாற்பது ரூபாய் வந்தது. சித்திரையில் இருபத்தைந்து. சம்பளத்தில் அட்வான்ஸ் வாங்கினார், மற்ற சப்ளையர்களிடம் கைமாற்று வாங்கினார். கடைசியில் இருநூற்றைம்பது மட்டும் பாக்கி நின்றது. அது கோடை லீவு மாதம், ஹோட்டலில் கூட்டம் அள்ளியது. தட்டில் விழுந்த காசையெல்லாம் ஒன்றுவிடாமல் கொண்டுவந்து போடுவார். போட்டுவிட்டுப் பெட்டியை லேசாகத் தூக்கிப் பார்ப்பார். "கனமாத்தானுங்க இருக்குது. மாசாமாசமா கல்லா கொறையப்போகுது? இந்தவாட்டி முந்நூறு தாண்டீரும்" என்பார்.

அமாவாசைக்கு நான்கு நாள் முன்பு ஊருக்குப் போய்விட்டு வந்தார். மகளுக்கு டி.சி. வாங்கியாகிவிட்டது, மனைவி கோழிப்பண்ணையில் கணக்கு முடித்துக்கொண்டுவிட்டார், போத்தனூர்ப் பள்ளிக்கூடத்தில் ஆறாவதுக்குச் சொல்லி வைத்தாயிற்று என்று என் மேஜையில் கையை ஊன்றிக்கொண்டு சொன்னார். என் காலடியில், மேஜைக்குக் கீழே அந்தப் பில் புத்தகம் இருந்தது. அந்த மாதம் மச்சினர் ஒரு நாளும் தவறவில்லை; கணக்கு எவ்வளவு என்று எனக்கு மனப்பாடம்.

"நல்லதுங்கண்ணா" என்றேன்.

அமாவாசையன்று காலை பூஜை முடிந்து, வாசலில் பூசணிக்காய் உடைத்தார்கள். பின்கட்டில் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் அவர் மனைவியும் மகளும் முதல் பஸ்ஸிலேயே வந்து உட்கார்ந்திருந்தார்கள். ஒரு தகரப் பெட்டி, சுருட்டிய பாய், பாத்திரம் அடுக்கிய பக்கெட். அந்தப் பெண் டி.சி. இருந்த பிளாஸ்டிக் கவரை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

பதினொரு மணிக்கு முதலாளி பெட்டியைத் திறந்து, நியூஸ் பேப்பரை விரித்துக் காசைக் கொட்டினார். எல்லோரும் சுற்றி நின்றோம். எண்ணியபோது இரண்டாயிரத்து எண்ணூற்றைம்பது இருந்தது. பிறகு கல்லா நோட்டைப் பிரித்தார்.

"இந்த மாசம் ஷார்ட்டு ரண்டாயிரத்துத் தொள்ளாயிரமுங்க. பொட்டில அம்பது பத்தலீங்க" என்றவர், எங்களைப் பார்த்து லேசாகச் சிரித்தார். "அது போச்சாதுங்க. அத நான் உட்டர்றேன்."

ஐம்பது ரூபாயை எங்களுக்காக விட்டுக் கொடுத்தாராம்! பத்துப் பேர் ஒரு மாதம் ஓடி ஓடிப் பரிமாறிய காசை மஞ்சப்பையில் அள்ளிப் போட்டுக்கொண்டே இதைச் சொன்னார்.

பல்லடத்துக்காரர் ஓரடி முன்னால் வந்தார். "மொதலாளிங்க, எனக்கு ஒரு எரநூத்தம்பது மட்டும் அட்வான்ஸாக் குடுங்க. புள்ளையும் சம்சாரமும் வந்து உக்காந்துட்டாங்க."

"பழைய அட்வான்ஸே இன்னும் தீரலீங்களே. எல்லார்த்துக்கும் ஒரே ஞாயந்தானுங்க" என்றார் முதலாளி.

அந்த ஞாயம் என்ற சொல்தான் என்னைக் கிளப்பிவிட்டது. பில் புத்தகத்தை எடுத்து அவர் முன்னால் போட்டேன். "ஷார்ட்டெல்லாம் இதுல இருக்குதுங்க. பூராவும் உங்க மச்சினர் எடுத்தது" என்றேன். அவர் நிதானமாகப் புரட்டிப் படித்தார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"ஊட்டு மனுசரு எடுப்பாரு கண்ணு. சீட்டுக் கேட்டு வாங்க வேண்டீது கேஷியரு வேலைங்களா, என்ற வேலைங்களா? நீங்க வாங்கியிருந்தா அது செலவு. வாங்காததுனால ஷார்ட்டு." புத்தகத்தை மேஜைமேல் வைத்துவிட்டு மஞ்சப்பையோடு மாடிக்குப் போய்விட்டார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தத் தகரப் பெட்டியை எடுத்து வீதியில் வீசியிருக்க வேண்டும். வீசவில்லை. நின்றேன். பல்லடத்துக்காரர் அந்தப் புத்தகத்தை எடுத்தார். முதல் வரியில் இருந்த தேதியை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"பங்குனியிலிருந்தே எழுதியிருக்கறீங்களா தம்பி?"

"ஆமாங்கண்ணா."

"போன அமாவாசைக்குச் சொல்லியிருந்தாக்கூட டி.சி. வாங்கியிருக்க மாட்டனுங்க" என்றார்.

திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு எதையாவது சொல்லித் தப்பித்திருப்பேன். என் சட்டைப் பையில் இருந்த அறுபது ரூபாயை நீட்டினேன். "பஸ்ஸுக்கு இருக்குதுங்க" என்றுவிட்டுப் பின்கட்டுக்குப் போனார். மனைவியிடம் என்ன சொன்னாரோ தெரியாது. சிறிது நேரத்தில் மூன்று பேரும் பாயையும் பக்கெட்டையும் தூக்கிக்கொண்டு ஹோட்டலின் முன்வழியாகவே போனார்கள். அந்தப் பெண் மட்டும் ஒரு முறை திரும்பி உள்ளே பார்த்தாள்.

அன்று நான் வேலையை விட்டுவிட்டேன் என்று எழுத ஆசைதான். விடவில்லை. அடுத்த தை வரைக்கும் அதே நாற்காலியில் இருந்தேன். அன்று மத்தியானச் சாப்பாட்டுக் கூட்டத்துக்கும் நான்தான் பில் பணம் வாங்கிப்போட்டேன்.

ஐந்து மணிக்கு மச்சினர் வந்தார். "ஏனுங்க தம்பி, சாப்டீங்களா? ஒரு நூறு எடுத்துக்கறனுங்க."

சீட்டையும் பேனாவையும் அவர் முன்னால் தள்ளினேன். "கையெழுத்துப் போட்டுட்டு எடுத்துக்குங்க" என்றேன். கத்துவார், முதலாளியைக் கூப்பிடுவார் என்று எதிர்பார்த்தேன். எதற்கும் தயாராகத்தான் இருந்தேன்.

"இதுக்கென்னுங்க" என்று சொல்லிக்கொண்டே அவர் கையெழுத்துப் போட்டார். "முன்னாலயே கேட்டிருந்தீங்கன்னா தெனமும் போட்டுக் குடுத்திருப்பனே."

பிறகு பேனாவை மூடி என் சட்டைப் பையிலேயே செருகிவிட்டு, நூறு ரூபாயை எடுத்துக்கொண்டு ஸ்கூட்டரில் ஏறிப் போனார்.