பாயிண்ட் கார்டும் பத்து நம்பரும்

சூப்பர் மார்க்கெட்டில் பில் போடுவது சுலபம், போன் நம்பர் கேட்பதுதான் வேலை. கேட்டுக் கேட்டுச் சலித்தவர்களும், சொல்லிச் சொல்லி நொந்தவர்களும் நிச்சயம் நம்மில் உண்டு. கவுன்டருக்கு இந்தப் பக்கம் நின்று நான் வாங்கிக் கட்டிக்கொண்டதில் கொஞ்சம் சொல்கிறேன்.

கல்யாண நாள்

விழுப்புரம் கிளையில் சேர்ந்த புதிது. கெடாரிலிருந்து மண்டியில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மூட்டை போட வந்த பெரியவர், ஊருக்குத் திரும்பும் வழியில் நாலு துணிசோப்பு எடுத்துக்கொண்டு வந்தார். கார்டு போட்டால் பாயிண்ட் சேரும் என்றேன். பெயர் சொன்னார். நம்பரை யோசித்துச் சொன்னார். பிறந்த நாள் கேட்டதும் முகம் மாறியது. எல்லாவற்றையும் நிரப்பாமல் மெஷின் விடாதே என்று கல்யாண நாளையும் கேட்டுத் தொலைத்தேன்.

அவர் கோபப்படவே இல்லை. சோப்பைத் துண்டில் முடிந்துகொண்டே நிதானமாகக் கேட்டார்: "சோப்பு வாங்க வந்தவன்கிட்ட கல்யாண நாள் எதுக்கும்மா கேட்டுக்கினு இருக்கிற? மொய் எழுதவா வரப்போற?"

உரக்கப் படித்தது

திருவாமாத்தூரிலிருந்து வரும் டீச்சர் ஒருத்தர் நம்பர் சொன்னால், சரிபார்க்க நான் அதை உரக்கத் திருப்பிச் சொல்வேன். அப்படித்தான் எங்களுக்குப் பயிற்சி. வரிசையில் பின்னால் நின்ற எவனோ அதைக் கேட்டு போனில் ஏற்றிக்கொண்டான் போலிருக்கிறது. அன்றிலிருந்து அவருக்கு விடிந்தால் குட்மார்னிங், பொழுது போனால் சாப்பிட்டீர்களா. பேஜாராகி நம்பரையே மாற்றிவிட்டார்.

அடுத்த வாரம் வந்தபோது சண்டைதான் என்று பயந்துபோனேன். நடந்ததைச் சொன்னார், அவ்வளவுதான். அந்த நிதானத்தைப் பார்த்து எனக்குத்தான் வெட்கமாகப் போனது. புது நம்பரைக் கேட்க வாய் வரவில்லை. கிளம்பும்போது சொன்னார்: "நான் நம்பர உங்களுக்குதான் சொன்னேன், க்யூவுக்கு சொல்லலீங்க."

முட்டை

அதற்குப் பிறகு நான் யாரையும் வற்புறுத்தவில்லை. நம்பர் இல்லாத பில் என் கவுன்டரில் கூடிக்கொண்டே போக, திண்டிவனம் கிளைக்கு மாற்றினார்கள். அங்கேயும் நம்பர் குறைந்தால் வேலை இல்லை என்று சூப்பர்வைசர் முதல் நாளே சொல்லிவிட்டார். தினம் பஸ் பிடித்து வருகிறவளுக்கு இந்த வேலையை விட்டால் வேறு இல்லை. அதனால் எல்லாக் கவுன்டரிலும் நடக்கிற ஒன்றை நானும் செய்தேன். யாராவது நம்பர் தர மறுத்தால், எனக்கு மனப்பாடமான ஒரு வாடிக்கையாளரின் நம்பரைத் தட்டிவிடுவேன். பாயிண்ட் அவருக்குத்தானே சேருகிறது, புண்ணியம் என்று வேறு நினைத்துக்கொண்டேன்.

எனக்கு மனப்பாடமானது நயினார் வீட்டு அக்காவின் நம்பர். செஞ்சிப் பக்கத்துச் சமணக் குடும்பம். பருப்பு, அரிசி, நெய் தவிர எதுவும் தொடமாட்டார்கள், பொழுது சாய்ந்தால் சாப்பிடவும் மாட்டார்கள். ஒருநாள் அந்த அக்கா போனை நீட்டினார். 'நீங்கள் விரும்பி வாங்கும் முட்டைக்குச் சிறப்புச் சலுகை' என்று எங்கள் கடையின் மெசேஜ். வீட்டில் அதை முதலில் படித்தது மாமனார். மூன்று நாளாக மருமகள் சமைத்ததை அவர் தொடவில்லையாம். தன் நம்பரில் என்னென்ன ஏறியிருக்கிறது என்று பார்க்க வேண்டும் என்றார் அக்கா.

பார்த்தேன். முட்டை, முட்டை, சிக்கன் மசாலா, மறுபடியும் முட்டை. எல்லாம் என் கவுன்டர் பில். கம்ப்யூட்டர் கோளாறு என்று சொல்லியிருந்தால் அவரும் நம்பியிருப்பார், பக்கத்தில் நின்ற சூப்பர்வைசரும் சந்தோஷப்பட்டிருப்பார். ஆனால் வீட்டில் அந்தப் பெரியவர் நம்ப வேண்டுமே. அக்காவின் போனிலேயே அவரைக் கூப்பிடச் சொல்லி, முட்டை வாங்கியவர்கள் வேறு யாரோ, நம்பர் இல்லையென்றால் வேலை இல்லை என்றதால் உங்கள் வீட்டு நம்பரைத் தட்டியது நான் என்று சொன்னேன். அவர் போனை மருமகளிடம் கொடுக்கச் சொல்லி, பொழுது சாய்வதற்குள் வந்து சமைக்கச் சொன்னார். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சூப்பர்வைசர் உடனே ஒரு பேப்பரை எடுத்து வந்து, இந்தப் பெண் மேல் புகார் எழுதிக் கொடுங்கள், இன்றைக்கே வேலையை விட்டு அனுப்பிவிடுகிறோம் என்றார். என் வேலை அந்தப் பேப்பரில் இருந்தது. அக்கா அதை வாங்கிப் பார்த்துவிட்டு, மடித்து அவரிடமே கொடுத்தார்: "தட்டுன பொண்ணு தப்ப ஒத்துக்கிச்சுங்க. நம்பர் இல்லனா வேலை இல்லன்னு மிரட்டினவங்கதான் இன்னும் ஒத்துக்கல. அவங்க எழுதட்டும், நான் கையெழுத்து போடறேன்."

இப்போதெல்லாம் நம்பர் தரமாட்டேன் என்பவரைக் கண்டால் எனக்குத் தனி மரியாதை வந்துவிடுகிறது, அதைப் பாயிண்ட்டாக ஏற்றத்தான் எங்கள் மெஷினில் வழியில்லை.