ட்ரெயில் என்று சொல்லி ஒரு வட்டம்: ஓபர்லாந்தில் ஸ்னோமொபைல்

நான் வசிக்கும் பாசல் நகரில் பாஸ்நாக்ட் திருவிழா தொடங்குவதற்கு முன்பே ஊரை விட்டுக் கிளம்பிவிடுவது என் வழக்கம். விடிவதற்குள் தெருவிளக்குகளை அணைத்துவிட்டு மேளமும் குழலுமாக ஊர் முழுக்கத் திரளும் விழா அது. முதல் வருடம் நானும் வாய் பிளந்து பார்த்தேன். அதன் பிறகு வந்த பதின்மூன்று வருடங்களிலும், பார்த்தவர்கள் சொல்வதைக் கேட்டுக்கொள்வதோடு சரி. இந்த வருடம் துன் நகரிலிருக்கும் தோழி ஜெசிந்தா ஒரு வாட்ஸ்அப் விளம்பரத்தை அனுப்பி, "அக்கா, இதுக்கு வாறீங்களோ?" என்று கேட்டாள். பாஸ்நாக்டுக்கு முந்தைய சனிக்கிழமை. ஸ்னோமொபைல், அதாவது பனியில் ஓடும் மோட்டார் வண்டி.

விளம்பரத்தில் ஒரு படம். காட்டுக்குள் முடிவில்லாமல் நீளும் வெண்பாதை, அதில் வரிசையாக ஆறு வண்டிகள். "சுவிஸ் மலைகளில் ஸ்னோமொபைல் ட்ரெயில்! தமிழர் குழுப் பயணம்!" தரவுகளைச் சரிபார்ப்பதே என் தொழில் என்பதால் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தரை தட்டையாக இருந்தது. அடிவானத்தில் ஒரு மலைகூட இல்லை. சுவிட்சர்லாந்தில் மலை தெரியாதபடி படம் எடுப்பதற்குத் தனித்திறமை வேண்டும். ஏற்பாட்டாளர் ராசன் அண்ணனுக்கு போன் செய்து, இது எந்த ஊர்ப் படம் என்று கேட்டேன்.

"படம் சும்மா ஒரு அழகுக்கு அக்கா. ட்ரெயில் எல்லாம் இருக்கு. வந்து பாருங்கோவன்."

அந்த 'சும்மா'விலேயே நான் நின்றிருக்க வேண்டும். ஆனால் ஜெசிக்காகப் போனேன்.

ஜெசி மன்னாரிலிருந்து இருபது வயதில் இங்கு வந்தவள். இப்போது நாற்பத்தைந்து. ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை. பல வருடங்களுக்கு முன் ஒரு ஜெர்மன் மாலை வகுப்பில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்ததில் தொடங்கிய நட்பு எங்களுடையது. சென்ற இலையுதிர் காலத்தில், இரண்டு முறை தவறி மூன்றாம் முறையில் கார் லைசென்ஸ் வாங்கினாள். அவளுக்கு ஒரு வேலை காத்திருக்கிறது. மலைக் கிராமங்களில் தனியாக வாழும் முதியவர்களை வீடு தேடிப் போய்க் கவனிக்கும் வேலை. சம்பளம் கூடுதல், இரவுப் பணி கிடையாது. ஒரே நிபந்தனை, குளிர்காலத்திலும் தானே கார் ஓட்டிப் போக வேண்டும். விண்ணப்பம் போட அந்த ஞாயிற்றுக்கிழமை கடைசி நாள். ஆனால் லைசென்ஸ் வாங்கியதிலிருந்து அவள் கணவர் அன்ரன் அவளிடம் சாவியைக் கொடுத்ததே இல்லை. "பனி போகட்டும்" என்பார். கெட்ட மனிதர் அல்ல. பயந்த மனிதர். விளைவு என்னவோ ஒன்றுதான்.

ஸ்னோமொபைல் ஓட்டுவதும் கார் ஓட்டுவதும் ஒன்றல்ல என்று நான் சொன்னேன்.

"அது எனக்குத் தெரியும் அக்கா. பனியில ஒரு மிசினை நான் என்ர கையால ஓட்டோணும். அதுக்குப் பிறகு இவர் என்ன சொல்லுறார் எண்டு பாப்பம்."

ஓட்டுநர் இடத்துக்கு 120 ஃபிராங்க், பின்னிருக்கைக்கு 50. நாங்கள் இருவரும் ஆளுக்கு ஓர் ஓட்டுநர் கட்டணம் கட்டினோம். அவரவர் வங்கிக் கணக்கிலிருந்து, அவரவர் பெயரில். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளி மாலை பாசலிலிருந்து ரயில் ஏறினேன். துன்னுக்கு நேரடி வண்டி, ஒன்றேகால் மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். பாதி விலை அட்டை வைத்திருப்பவர்கள் அதையே பயன்படுத்துங்கள், மலை மேலே போகும் கேபிள் காருக்கும் அது செல்லும். வீட்டுக்குள் நுழைந்தபோது ஜெசி எண்ணெய்ச் சட்டியின் முன் நின்றுகொண்டிருந்தாள். ஐம்பது றோல்ஸ் பொரிக்க வேண்டுமாம், குழுவின் மதிய உணவுக்கு. (மீனும் உருளைக்கிழங்கும் உள்ளே வைத்துச் சுருட்டி, ரொட்டித்தூளில் புரட்டிப் பொரிப்பது றோல்ஸ். தமிழ்நாட்டு வாசகர்களே, சாப்பிட்டுப் பார்க்காவிட்டால் உங்களுக்குத்தான் நட்டம்.) ராசன் அண்ணன் அன்று மதியம் அவளுக்கு போன் செய்து சொன்னாராம். முழுக் கட்டணம் கட்டியவள் எதற்குச் சமைக்க வேண்டும் என்று கேட்டேன். "எங்கட ஆக்களின்ர ட்ரிப் எண்டால் அப்பிடித்தான்" என்று சொல்லி மாவை என் பக்கம் தள்ளினாள். சுருட்டினேன்.

சனிக்கிழமை காலை, பயணத்துக்குத் தானும் பெயர் கொடுத்திருந்த அன்ரனின் காரில் மூவரும் கிளம்பினோம். துன் ஏரியை விட்டு விலகி மேற்கே, ஓபர்லாந்து என்ற மலைப்பகுதியின் ஒரு பள்ளத்தாக்குக்குள் முக்கால் மணி நேரப் பயணம். சாலையைச் சுத்தமாக வழித்து உப்புத் தூவியிருந்தார்கள். அடிவாரத்தில் கார் நிறுத்த ஒரு நாளைக்கு 8 ஃபிராங்க். கேபிள் காருக்குப் பாதி விலையில் 19, இது விளம்பரத்தில் சொல்லப்படாத செலவு. அந்தப் பகுதிக்கு நான் போனதே இல்லை. அகலமான பள்ளத்தாக்கு, இருபுறமும் கருத்த மரவீடுகள், கூரைமேல் முழங்கால் உயரப் பனி. இன்டர்லாக்கன் பக்கம் இருக்கும் கூட்டத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. இடத்தின் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. நடப்பதற்காகவே இன்னொரு முறை போவேன்.

மேலே இறங்கியதும் ட்ரெயிலை, விளம்பரத்தில் பார்த்த அந்த நீண்ட பனிப்பாதையைத் தேடினேன். கேபிள் கார் நிலையத்தின் பின்னால், ஆரஞ்சு வலை கட்டிய ஒரு மைதானம். நடுவில் கூம்புகள். அதைச் சுற்றி ஒரு தடம். ஓரத்தில் ஆறு வண்டிகள், ஒன்று முதல் ஆறு வரை எண் ஒட்டி நின்றன.

"அண்ணே, ட்ரெயில் எங்கே?"

"இதுதான் அக்கா."

"இது வட்டம்."

"வட்டமும் ஒரு பாதைதானே அக்கா. எங்கயாவது முடியுதோ பாருங்கோ."

சிலர் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. இந்த நாட்டில் பொழுதுபோக்குக்காகக் காட்டிலும் மலையிலும் ஸ்னோமொபைலை நினைத்தபடி ஓட்ட விடமாட்டார்கள். அனுமதி பெற்ற வளாகத்துக்குள், வழிகாட்டியின் கண்முன்னே ஓட்டலாம், அவ்வளவுதான். மான்களும் முயல்களும் குளிர்காலத்தைத் தாண்டுவதே பெரும்பாடு, அவற்றை இரைச்சலோடு துரத்தக் கூடாது என்பதில் எனக்கு முழு உடன்பாடு. சட்டத்தின் மேல் கோபமில்லை. வண்டிகளை நடத்துபவர்களும் தங்கள் அறிவிப்பில் வட்டப் பாதை என்றுதான் தெளிவாக எழுதியிருக்கிறார்கள். எங்கோ ஒரு நாட்டின் காட்டுப் பாதையை இதன்மேல் ஒட்டி விற்றவர் நம் ஆள்.

ஆனால் இதெல்லாம் சின்னக் கோபம். பெரியது அதன் பிறகு வந்தது.

ராசன் அண்ணன் போனைப் பார்த்து யார் எந்த வண்டி என்று வாசிக்க ஆரம்பித்தார். பன்னிரண்டு பேர், வண்டிக்கு இருவர். "நாலாம் நம்பர், அன்ரன் ஓட்டுறார், ஜெசிந்தா பின்னால. ஆறாம் நம்பர் நான் ஓட்டுறன், பாசல் அக்கா எனக்குப் பின்னால."

நான் அவர் பின்னாலா? அவரது முதுகைப் பார்க்க 120 ஃபிராங்கா? வாயைத் திறப்பதற்குள் ஜெசி முந்திக்கொண்டாள்.

"அண்ணை, நான் ஓட்டுறதுக்கெல்லோ காசு கட்டினனான்."

"ஓம் தங்கச்சி. நேற்று வீட்டுக்காரருக்கு போன் எடுத்து உறுதிப்படுத்தினனான். அவர்தான் சொன்னவர், நீங்கள் பின்னால இருந்தால் காணும் எண்டு."

ஜெசி கணவரைப் பார்த்தாள். அன்ரன் கையுறையைப் பார்த்தார்.

"இஞ்சருங்கோ, அப்பிடிச் சொன்னனீங்களோ?"

"முதல் நான் ரெண்டு சுத்துச் சுத்திக் காட்டுறன், பிறகு பாப்பம் எண்டுதான்..."

இந்தப் பழக்கத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும். குழுப் பயணத்தில் ஒரு பெண் பதிவு செய்தால், கடைசி உறுதிக்கு அவள் வீட்டு ஆணுக்கு போன் போகும். யாரும் இதை எங்கும் எழுதி வைக்கவில்லை, யாரும் கேட்பதும் இல்லை. மரியாதை என்று நினைத்துச் செய்கிறார்கள். என் வீட்டில் கேட்க ஆள் இல்லை என்பதால் என் விஷயத்தை ராசன் அண்ணன் தானே முடிவு செய்துகொண்டார். நம் தமிழ்நாட்டுப் பக்கமும் பெரிய வித்தியாசமில்லை, அங்கே வீட்டில் சார் இருக்காரா என்பார்கள்.  

"நீங்கள் என்னட்டக் கேட்டனீங்களோ அண்ணை?" என்றாள் ஜெசி.

"என்னத்துக்குத் தங்கச்சி? புருசன் பெண்சாதி ரெண்டும் ஒண்டுதானே."

"அப்ப றோல்ஸ் பொரிக்கச் சொல்லி மட்டும் ஏன் எனக்கு போன் எடுத்தனீங்கள்? அதையும் இவரிட்டயே சொல்லியிருக்கலாமே. இவர் ஐம்பது பொரிச்சிருப்பார்."

இந்த முறை எல்லோரும் சிரித்தார்கள், ராசன் அண்ணனைத் தவிர.

அதற்குள் வழிகாட்டி வந்துவிட்டார். செம்பட்டைத் தாடி வைத்த இளைஞர். வண்டி ஓட்ட எங்கள் குழுவுக்கு ஒதுக்கிய இருபது நிமிடம் ஏற்கெனவே ஓடத் தொடங்கிவிட்டது, அடுத்த குழு காத்திருக்கிறது என்றார். பிறகு ராசன் அண்ணனிடம், நான்காம் வண்டியை யார் ஓட்டுவது என்று ஜெர்மனில் கேட்டார். பதில் ஜெசியிடமிருந்து வந்தது, அச்சு அசலான பெர்ன் வட்டார ஜெர்மன் பேச்சில். அவள் அதைக் கற்றது தொண்ணூறு வயதுக்காரர்களைக் குளிப்பாட்டியும் ஊட்டிவிட்டும். அதனால் அந்தப் பேச்சில் இன்று யாரும் சொல்லாத பழைய சொற்கள் நிறைய. நான் ஓட்டுகிறேன், பணம் கட்டியது நான், இதோ லைசென்ஸ் என்றாள். இளைஞர் முதலில் வியந்தார், பிறகு சிரித்தார். லைசென்ஸை வாங்கிப் பார்த்துவிட்டு, அவசரத்தில் எஞ்சினை நிறுத்தும் சுருள் கயிற்றை அவள் மணிக்கட்டில் மாட்டினார். அதற்கு மேல் அங்கே விவாதம் இல்லை.

நான் ஜெசியோடு நான்காம் வண்டிக்குப் போய்விட்டதால், ஆறாம் வண்டியில் எனக்கு ஒதுக்கிய இடம் காலியாக இருந்தது. வேறு வழியில்லாமல் அன்ரன் அதில் ஏறி ராசன் அண்ணனின் இடுப்பைக் கட்டிக்கொண்டார். அந்தக் காட்சிக்காக என் 120 ஃபிராங்கில் பாதியை நான் மன்னிக்கிறேன்.

சண்டையில் எட்டு நிமிடம் போயிருந்தது. மீதியில் நானும் ஜெசியும் பாதிப் பாதி ஓட்டியிருக்கலாம். வேண்டாம், முழுக்க நீயே ஓட்டு என்று சொல்லி அவள் பின்னால் ஏறினேன். கொண்டையோடு ஹெல்மெட் இறங்காது என்பதால் அவள் முடியை அவிழ்த்துப் பின்னலாக்கி ஜாக்கெட்டுக்குள் திணித்துவிட்டேன். வலது கட்டைவிரலால் அழுத்தினால் வண்டி பாயும், விட்டால் நிற்கும். இடது கையில் பிரேக். முன்னால் இரண்டு சறுக்குப் பலகைகள், பின்னால் சுழலும் பட்டை. முதல் வளைவில் ஜெசி பயந்து கட்டைவிரலை எடுத்தாள். முன்பலகைகள் திரும்பாமல் நேராகப் போய் ஒரு கூம்பைச் சாய்த்தன. வலைக்கு அப்பாலிருந்து யாரோ "கவனம், கவனம்!" என்றார்கள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டாம் வளைவில் விரலை எடுக்காமல், உடலை உள்பக்கம் சாய்த்து, மெதுவாக அழுத்தினாள். வண்டி திரும்பியது. நானும் அவளோடு சேர்ந்து சாய்ந்தேன். மூன்றாவது சுற்றில் ராசன் அண்ணனையும் அன்ரனையும் முந்தினோம். முந்தக் கூடாது என்று வழிகாட்டி கையை ஆட்டினார். ஜெசி அதைக் கவனிக்காதது போல் இருந்தாள். கவனித்தாள் என்றே நினைக்கிறேன்.

இறங்கியதும், "இவ்வளவுதானோ அக்கா?" என்றாள். "இந்த வட்டத்தைச் சுத்தவோ இவ்வளவு சண்டை?"

எனக்கும் அதே கேள்விதான். பெட்ரோல் வாடை, காதடைக்கும் சத்தம், சுற்றிச் சுற்றி அதே கூம்பு. பெண்கள் கட்டிய பணத்துக்கு அவர்களை முதலிலேயே ஓட்ட விட்டிருந்தால் இந்தக் கட்டுரையில் எழுத ஒன்றுமே இருந்திருக்காது.

திரும்பும்போது அன்ரன்தான் கார் ஓட்டினார். ஜெசி பக்கத்து இருக்கையில் போனை எடுத்து அந்த விண்ணப்பத்தை நிரப்பத் தொடங்கினாள். குளிர்காலத்தில் தனியாக ஓட்ட முடியுமா என்ற கேள்வியைச் சத்தமாக வாசித்து, "ஓம்" என்று அதைவிடச் சத்தமாகச் சொல்லி, அனுப்பினாள். கார் இரண்டு வளைவுகளைத் தாண்டியது.

"எப்ப தொடங்கோணும்?" என்றார் அன்ரன்.

"மாசி முடிய."

"அப்ப நான் வேலைக்கு எப்பிடிப் போறது?"

"பஸ் ஓடுதுதானே."

அவர் கார்க் கண்ணாடியின் வைப்பரை ஓடவிட்டார். மழையும் இல்லை, பனியும் இல்லை.

இனி, இப்படி ஒரு பயணத்துக்குத் திட்டமிடுபவர்களுக்கு. சுவிட்சர்லாந்தில் நீண்ட ஸ்னோமொபைல் பாதைகளை யாராவது விற்றால் நம்பாதீர்கள். அதற்கு இன்னும் வடக்கே உள்ள பனி நாடுகளுக்குப் போக வேண்டும். இங்கே கிடைப்பது பெரும்பாலும் மூடிய தடம். பதிவு செய்யும் முன் தடத்தின் நீளத்தையும் வண்டியில் உண்மையில் கிடைக்கும் நிமிடங்களையும் எழுத்தில் கேளுங்கள். ஏற்பாட்டாளர் இல்லாமல் நேரடியாகவே பதிவு செய்யலாம், ஆங்கிலமே போதும். கார் லைசென்ஸைக் கையில் வைத்திருங்கள். கழுத்தை மூடும் துணியும் இரண்டு ஜோடி கையுறையும் கொண்டுபோங்கள். பதிவு உங்கள் பெயரில் இருந்தால், உறுதிப்படுத்தும் அழைப்பும் உங்கள் எண்ணுக்கே வர வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சொன்ன பிறகும் வீட்டில் வேறு யாருக்காவது போனால், பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். நான் கேட்டிருக்கிறேன். இதுவரை பதிலில்லை.

ஞாயிறு காலை, நான் இன்னும் ஜெசி வீட்டில் இருந்தபோது, ராசன் அண்ணன் பயணத்தின் வாட்ஸ்அப் குழுவில் படங்களைப் போட்டார். முதல் படத்தில் நின்றுகொண்டிருக்கும் நான்காம் வண்டி, அதன்மேல் ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி அன்ரன். கீழே, "பனியில் பறக்கும் எங்கள் அன்ரன்!" என்ற வரி. நாங்கள் இருவரும் எந்தப் படத்திலும் இல்லை. றோல்ஸ் தட்டு இரண்டு படங்களில் இருந்தது. கோபத்தில் நான் ஒரு நீண்ட பதிலைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தபோது, சமையலறையில் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த அன்ரன் தன் போனை எடுத்தார். ஒரு விரலால், வெகுநேரம் ஏதோ எழுதினார். குழுவில் வந்து விழுந்தது:

"நான் ஓட்டேல்லை. நான் ராசனுக்குப் பின்னால இருந்தனான். ஓட்டினது என்ர மனுசி."

என் பதிலை அழித்துவிட்டேன்.