பூஜையில் வைத்த இரும்புத் தண்டு

என் அக்காள் புருஷனுக்கு ஒரு ஜோடி மாடும் ஒரு கட்டை வண்டியும் இருந்தன. பினாங்கில் டத்தோ கிராமாட் ரோட்டுக்குப் பின்னால் இருந்த வண்டிக் கொட்டகையில் எங்கள் இடம். மச்சான் மாட்டை ஓட்டுவார். நான் பின்னால் நடப்பேன். இருபத்தெட்டு வயது ஆண்பிள்ளைக்கு வண்டிக்குப் பின்னால் நடப்பது ஒரு வேலையா என்று பெண் கொடுக்க வந்தவர்கள் கேட்டார்கள். ஆமாம், அதுதான் வேலை என்று சொன்னேன். அவர்கள் காப்பியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்கள்.

அந்த நாளில் தென்னந்தோட்டத்துக்கும் ரப்பர் தோட்டத்துக்கும் கப்பலில் ஏதேதோ இரும்புச் சாமான்கள் வந்து இறங்கும். ரப்பர் பால்கட்டியைத் தகடாக்கும் உருளை, தண்ணீர் இறைக்கும் எந்திரம், புதுமாதிரிக் கலப்பை. இவை வண்டியில் ஏறாது. ஏற்றினால் அச்சு முறியும். ஆகவே வண்டிக்குப் பின்னால் கட்டி, ஊர் ரோட்டிலேயே உருட்டிக்கொண்டு போக வேண்டும். அதில் கை தேர்ந்தவர் என்று மச்சானுக்குக் கொட்டகையில் பேர் இருந்தது.

பின்னால் கட்டிய சாமானுக்கு மாடும் இல்லை, பிரேக்கும் இல்லை. ஏற்றத்தில் அது நம்மைப் பின்னால் இழுக்கும், இறக்கத்தில் முன்னால் தள்ளும். வண்டிக்கும் அதற்கும் நடுவில் இருப்பது கயிறாக இருந்தால் இழுக்கத்தான் முடியும், நிறுத்த முடியாது. அதனால் மச்சான் கொல்லனிடம் சொல்லி ஓர் இரும்புத் தண்டு செய்து வைத்திருந்தார். ஆள் நீளம், மணிக்கட்டுப் பருமன். இரண்டு முனையிலும் துளை. அதில் முளை ஆணி இறக்கி, ஆணி எகிறாமல் கம்பியால் முறுக்கிவிடுவோம். வண்டிச் சக்கரத்தில் மரக்கட்டை உரசி வண்டி நின்றால், தண்டு விறைத்துக்கொண்டு பின்னால் வருவதையும் நிறுத்திவிடும்.

பின்னால் நடக்கிற என் கையில் ஒரு சிவப்புத் துணியும், பூண் போட்ட ஒரு முட்டுக்கட்டையும் இருக்கும். துணி, பின்னால் வருகிற மோட்டார்காரர்களுக்கு. கட்டை, சக்கரத்துக்கு. முளை ஆணி எகிறுகிறதா, சாமான் ஒரு பக்கம் இழுக்கிறதா என்று பார்த்துக் குரல் கொடுக்க வேண்டியவனும் நான்தான். முன்னால் இருக்கிறவருக்குப் பின்னால் நடப்பது தெரியாது. அவர் உயிர் என் கண்ணில் இருக்கிறது என்று அக்காள் அடிக்கடி சொல்லுவாள். சோறு போடும்போது சொல்லுவாள், அதனால் நான் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

அந்த வருஷம் ஆயுத பூஜையன்று விடியற்காலையிலேயே கும்பிட்டு முடித்தோம். கொட்டகையில் சாமி படத்துக்கு முன்னால் வாழையிலை விரித்து, இரும்பையெல்லாம் துலக்கி எண்ணெய் தடவி, சந்தனம் குங்குமம் வைத்து வரிசையாக அடுக்கியிருந்தோம். தண்டு, முளை ஆணிகள், சங்கிலி, கடப்பாரை, லாடம் அடிக்கும் சுத்தியல், என் முட்டுக்கட்டை. மறுநாள் விஜயதசமி காலையில் கற்பூரம் காட்டிய பிறகுதான் எதையும் தொடலாம். அக்காள் அவலும் பொரியும் கலந்து எல்லோருக்கும் அள்ளிக் கொடுத்தாள். நான் ஓரமாகப் பாய் விரித்துப் படுக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் துறைமுகக் கிடங்கின் பியூன் சைக்கிளில் வந்தான். கெலுகோருக்குத் தெற்கே இருந்த தென்னந்தோட்டத்துக்கு ஒரு கலப்பை கப்பலில் வந்து துறைமுகக் கிடங்கில் நிற்கிறதாம். அன்று சாயந்திரத்துக்குள் இடத்தைக் காலி செய்ய வேண்டுமாம். தோட்டத்தில் டிராக்டர் உண்டு, ஆனால் அதன் இரும்புச் சக்கரத்தில் முள் முள்ளாக இருக்கும், தார் ரோட்டைக் கிழித்துவிடும் என்று ஊருக்குள் விடமாட்டார்கள். ஆகவே எங்களைத்தான் கூப்பிட வேண்டும்.

ஒரு நாள் தவணை கேட்டுப் பார்க்கிறேன் என்று நான் கிடங்குக்குப் போனேன். அங்கே கணக்கு எழுதும் கிராணி நம் ஆள்தான். நெற்றியில் அன்றைய விபூதி, மேசை மேல் பொரி கட்டிய பொட்டலம். அவரும் காலையில் தன் பேனாவையும் மைக்கூட்டையும் கும்பிட்டுவிட்டு வந்திருந்தார். தோட்டத்துத் துரைக்கு ஆயுத பூஜையெல்லாம் தெரியாது, மழை பிடிப்பதற்குள் தோட்டத்தில் லாலாங் புல்லை உழுதாக வேண்டும் என்று குதிக்கிறார், தம்பி என்னை ஏன் கேட்கிறாய் என்றார். கும்பிட்ட பேனாவை எடுத்து எழுதுகிறீர்களே என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது. கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் கலப்பை அங்கேயேதான் நின்றிருக்கும்.

திரும்பி வந்து சொன்னேன். மச்சான் மாட்டை அவிழ்த்தார். மாட்டுக்கு மாட்டுப் பொங்கல் தனியாக இருக்கிறது, மாடு ஆயுதம் ஆகாது, வண்டி மாட்டோடு சேர்ந்தது என்று எங்களுக்கு நாங்களே சமாதானம் சொல்லிக்கொண்டோம். சாமிக்கும் அது சம்மதம் என்று எடுத்துக்கொண்டோம். மச்சான் வாழையிலைப் பக்கம் குனிந்தார்.

"தண்ட மட்டும் எடுத்துக்கிறேன் மாப்ள. சாயந்திரம் கொண்டாந்து திரும்ப வச்சுடலாம்."

"வேணாம் மச்சான். சாமிக்கு வச்சத நடுவுல எடுத்தா குடும்பத்துக்கு ஆகாது. கயிறு போட்டே இழுத்துக்கலாம்."

சொன்னது நான். அக்காளும் ஆமாம் என்றாள், ஆனால் முதலில் சொன்னது நான். மச்சான் என்னைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், கையை இழுத்துக்கொண்டார். அவருக்கு வேலை தெரியும். குடும்பத்துக்கு ஆகாது என்று ஒருவன் சொன்ன பிறகு எந்த மனிதன் அதைத் தொடுவான்? புதுக் கப்பல் கயிறு ஒன்று கிடந்தது. யானையைக் கட்டினாலும் அறாது என்று சொல்லி நானே தூக்கி வண்டியில் போட்டேன். முட்டுக்கட்டைக்குப் பதிலாக அடுப்படியிலிருந்து ஒரு விறகுக் கட்டையை எடுத்துக்கொண்டேன்.

கலப்பை என்றால் நாம் நினைக்கிற கலப்பை இல்லை. சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வட்ட வட்டமாக இரும்புத் தகடுகள், இரண்டு வரிசை, ஒவ்வொன்றும் கூர். தகடு தரையில் படாதபடி தூக்கிக் கட்டி, நான்கு சின்ன இரும்புச் சக்கரம் வைத்த சட்டத்தில் நிறுத்தியிருந்தார்கள். தகடுகளின் மேல் கோணி சுற்றினேன். பின்முனையில் ஒரு சிவப்புத் துணி கட்டினேன். இன்னொன்றைக் கையில் வைத்துக்கொண்டேன். தெரிந்ததையெல்லாம் ஒழுங்காகச் செய்தேன், தண்டு ஒன்றைத் தவிர.

ஜெலுத்தோங் தாண்டும் வரை ரோடு சமதளம். ஒன்றும் ஆகவில்லை. கயிறு விறைப்பதும் தளர்வதுமாக இருந்தது, அவ்வளவுதான். பார்த்தீர்களா, கயிறே போதும் என்று நான் பின்னாலிருந்து கத்தினேன். மச்சான் திரும்பாமல் கையை மட்டும் ஆட்டினார்.

கெலுகோருக்கு அப்பால் ஒரு மேடு. அது மலையே இல்லை, சைக்கிள்காரன்கூட இறங்காமல் மிதித்துவிடுவான். மேட்டின் உச்சியில் மாட்டை நிறுத்தி மூச்சு வாங்கவிட்டோம். தூறல் போட ஆரம்பித்திருந்தது. மச்சான் வண்டியிலிருந்து இறங்கி, மாட்டின் மூக்கணாங்கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு முன்னால் நின்றார். நான் கலப்பையின் முன்சக்கரத்துக்கு விறகைப் போட்டு எடுத்து, போட்டு எடுத்து, அடி அடியாக இறக்குவது என்று பேசிக்கொண்டோம்.

இரண்டு தடவை கட்டை நின்றது. மூன்றாவது தடவை, ஈர ரோட்டில், சக்கரம் விறகைப் பக்கத்தில் தள்ளிவிட்டுப் போனது. நான் ஓடி எடுத்து மறுபடி போட்டேன். மறுபடி தள்ளியது. கலப்பை இப்போது என்னைவிட வேகமாகப் போய்க்கொண்டிருந்தது. கயிறு தொங்கித் தரையில் புரண்டது. விறகை விட்டுவிட்டுக் கலப்பையின் பின்சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துக் குதிகாலை ஊன்றினேன். அதை நினைத்தால் இன்றும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. அத்தனை இரும்பை ஒற்றை ஆளாகப் பிடித்து நிறுத்தப் பார்த்தேன். அது என்னையும் இழுத்துக்கொண்டு போனது.

மச்சான், விடுங்க, ஒதுங்குங்க என்று தொண்டை கிழியக் கத்தினேன். இரும்புச் சக்கரத்தின் சத்தத்தில் அது என் காதுக்கே எட்டவில்லை. கலப்பையின் மூக்கு வண்டியின் பின்பலகையில் இடித்தது. மாடுகள் மிரண்டு பாய்ந்தன. மாட்டின் கயிற்றை விட்டுவிட்டு இரண்டு எட்டு புல்லில் வைத்திருந்தால் மச்சான் தப்பித்திருப்பார். மாடுகளும் வண்டியும் கீழே போய் எதிலாவது மோதியிருக்கும். அவர் விடவில்லை. மூக்கணாங்கயிற்றை இழுத்து மாடுகளை ஓரத்து மண்மேட்டில் திருப்பினார். வண்டி சாக்கடைக் கரையில் ஏறி நின்றுவிட்டது. மாடுகளுக்கு ஒரு கீறல் இல்லை.

கலப்பை நிற்கவில்லை. கயிறு அறுந்திருந்தால் அது நேரே ரோட்டோடு போயிருக்கும். யானைக்குத் தாங்கும் என்று நான் சொன்னது பொய்யில்லை, அந்தக் கயிறு அறுபடவே இல்லை. நின்ற வண்டியைச் சுற்றிக் கலப்பையை அது வளைத்து இழுத்து, ரோட்டுப் பக்கம் சக்கரத்தை ஒட்டி நின்ற மச்சானின் வலதுகாலை வண்டிச் சக்கரத்தோடு சேர்த்து நெரித்து நிறுத்தியது.

நான் தோளைக் கொடுத்துத் தூக்கினேன். அசையவில்லை. இன்னொரு பக்கம் போய்த் தூக்கினேன். மச்சான் அலறவில்லை. முகம் சாம்பல் நிறமாக இருந்தது. "மாட்ட அவுத்து விடு மாப்ள, அது இழுத்துடப் போவுது" என்றார். அவிழ்த்தேன். என்னால் செய்ய முடிந்த வேலை அது ஒன்றுதான்.

பிறகு ரோட்டின் நடுவில் நின்று சிவப்புத் துணியை ஆட்டினேன். ஒரு கார் வந்தது. என்னைப் பார்த்ததும் வேகம் குறைத்து, ஒதுங்கி, மெதுவாகத் தாண்டிப் போயிற்று. அடுத்து ஒரு பஸ், அதுவும் அப்படியே. சிவப்புத் துணியைக் கண்டால் ஒதுங்கிப் போக வேண்டும் என்பது சட்டம். எல்லோரும் சட்டப்படி ஒதுங்கிப் போனார்கள். எத்தனையோ நாள் அப்படி ஒதுங்காதவர்களை நான் திட்டியிருக்கிறேன். அன்றைக்கு ஒருத்தராவது சட்டத்தை மீறி நிற்கமாட்டாரா என்று அழுதேன். துணியைக் கீழே போட்டுவிட்டு வெறுங்கையை ஆட்ட வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

கடைசியில் பக்கத்துக் கம்போங் கிராமத்திலிருந்து மலாய்க்காரர்கள் நாலு பேர் ஓடிவந்தார்கள். அவர்களில் ஒருவர் என் கையிலிருந்து துணியைப் பிடுங்கி எறிந்துவிட்டு, அந்த வழியாக வந்த காய்கறி லாரியின் முன்னால் போய் நின்றார். லாரியை ஓட்டிவந்த சீனர் நிறுத்தினார். தென்னங்கட்டையை நெம்புகோலாகக் கொடுத்துக் கலப்பையைத் தூக்கினார்கள். கீரைக் கூடைகளுக்கு நடுவில் மச்சானைக் கிடத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அன்று சாயந்திரமே முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள்.

மறுநாள் காலை விஜயதசமி. மாட்டுக்குத் தண்ணீர் காட்டக் கொட்டகைக்குப் போனேன். எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தது. தண்டின் மேல் சந்தனம் காய்ந்திருந்தது. சிறிது நேரத்தில் தோட்டத்து ஆட்கள் வந்தார்கள். கலப்பை அங்கேயே ரோட்டோரம் கிடக்கிறது, அவர்கள் பக்கத்திலிருந்து ஒரு வண்டி கொண்டுவந்திருக்கிறார்கள், உங்களிடம் ஒரு தண்டு இருக்கிறதாமே, இரவல் வேண்டும் என்றார்கள். கற்பூரம் காட்டினேன், தண்டை எடுத்துக் கொடுத்தேன். கலப்பை பத்திரமாக இறங்கி, பத்திரமாகத் தோட்டம் போய்ச் சேர்ந்தது. மத்தியானம் தண்டு திரும்பி வந்தது. குங்குமப் பொட்டுகூட அழியவில்லை.

அக்காள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சோறு போடும்போது முன்பு சொல்வதையும் சொல்லவில்லை. மச்சானும் சொல்லவில்லை. திட்டினால் தேவலை என்று இருந்தது எனக்கு. மாட்டை இப்போது நான் ஓட்டினேன், பின்னால் நடக்க ஒரு கூலியாளைப் பிடித்தோம். மச்சான் கட்டைக்காலை நீட்டிக்கொண்டு கொட்டகை வாசலில் உட்கார்ந்து மற்றவர்களின் வண்டிச் சக்கரங்களுக்கு மசகு போட்டுக்கொண்டிருப்பார். நான் கிளம்பும்போதெல்லாம் முளை ஆணியில் கம்பி முறுக்கியிருக்கிறதா என்று மட்டும் கேட்பார்.

அடுத்த ஆயுத பூஜைக்கு அவர்தான் உட்கார்ந்தபடி எல்லா இரும்பையும் துலக்கினார். நான் ஒவ்வொன்றாக வாங்கி இலையில் அடுக்கினேன். சங்கிலி, கடப்பாரை, சுத்தியல். தண்டைக் கடைசியாக எடுத்து எண்ணெய் தடவி, இரண்டு முனையிலும் பொட்டு வைத்தார். நான் கை நீட்டினேன். அவர் உடனே கொடுக்கவில்லை.

"இத இலையில வைக்காத மாப்ள. வெளிய வண்டியிலயே கிடக்கட்டும். சாமி கேட்டா நான் சொல்லிக்கிறேன்."

அந்த ஒரு வருஷத்தில் அந்த நாளைப் பற்றி அவர் என்னிடம் பேசியது அவ்வளவுதான். தண்டை வாங்கிக்கொண்டு வெளியே போனேன். எண்ணெய் அதிகமாகத் தடவியிருந்தார், கையில் நிற்காமல் வழுக்கியது.