துரோபதைக்கு எந்தக் குச்சி?

கனடாவிலிருந்து வந்த பார்சலில் இருந்ததைக் கமலாம்பிகை மாமி சந்தனக் கல் என்று நினைத்தார். இதைக் கேட்டவுடன் சிரிக்க வேண்டாம். முதலில் மாமி யாரென்று சொல்கிறேன், பிறகு சிரிக்கலாம்.

மாமி எங்களுக்குச் சொந்தம் இல்லை. விம்பிள்டனில் எங்கள் பிளாட்டுக்கு நேர் மேலே குடியிருக்கிறார். நான் பாட்டைச் சத்தமாகப் போட்டால் வீடு கூட்டுகிற தும்புத்தடியால் நிலத்தில் இரண்டு தட்டுத் தட்டுவார். அதற்குப் பிறகு மூன்றாவதாக ஒன்று மெதுவாக விழுந்தால் தோசை தயார், மேலே வா என்று அர்த்தம். மூன்றாவது தட்டுக்காகவே நான் பாட்டைப் போட்ட நாட்களும் உண்டு.

அவருக்கு வேலை ஒரு ஆரம்பப் பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாடு பரிமாறுவது. பச்சைப் பட்டாணியைத் தட்டுக்கடியில் ஒளிக்கிற பிள்ளையைப் பார்வையாலேயே பிடித்துவிடுவார். தான் சாப்பிடுவது மரக்கறி மட்டும்தான். சொசேஜை இடுக்கியால் எடுக்கும்போது முகத்தைக் கொஞ்சம் ஜன்னல் பக்கம் திருப்பிக்கொள்வார். சர்க்கரை கூடிவிட்டது, நடக்க வேண்டும் என்று டொக்டர் சொன்னார். மாமி நடந்தார். டிராம் பாதையோரமாக நடந்து போய்ச் சேர்ந்த இடம் ஒரு சமூகப் பண்ணை. ஆடுகள், முயல்கள், கோபக்காரக் கழுதை ஒன்று, மூன்று வான்கோழிகள். அன்றிலிருந்து சனி ஞாயிறுகளில் மாமியின் நடை அங்கேதான் முடியும். டொக்டருக்குச் சொல்லிவிடாதீர்கள்: அது நடை இல்லை. போய், வான்கோழிக் கூட்டுக்கு முன்னால் நின்று கதைப்பது.

ஒரு மாரியில் நரி வந்து இரண்டைக் கொண்டுபோய்விட்டது. மிஞ்சியது ஒரு பேடு. பண்ணையில் வைத்த பெயர் டொரத்தி. மாமி கூப்பிடுவது துரோபதை. தனித்துப்போன பிறகு அவள் மாமியின் காலைச் சுற்றிக்கொண்டே திரிவாள். மாமியும் அவளைப் படம் எடுத்து உலகம் முழுக்க அனுப்பினார். கனடாவில் இருக்கிற மாமியின் அண்ணை மகன் அஷ்வின்தான் அந்தப் படங்களைத் தாங்கமுடியாமல் பார்சல் அனுப்பியவன்.

உள்ளே ஒரு வட்ட மரக் கிண்ணம், உள்ளங்கை அளவு. அதன் வாயை மூடி ஒரு கறுப்புக் கல், அடியில் ஓட்டைகள். கூடவே ஒரு மெல்லிய மரக் குச்சி.

"பாரன் பெடியன்ர அருமையை, சந்தனக் கல்லு அனுப்பியிருக்கிறான்" என்றார் மாமி. "கழுவினாத் தண்ணி வடிய அடியில ஓட்டையும் விட்டிருக்கிறாங்கள்."

குச்சி எதற்கென்று விளங்கவில்லை. அதைக் கொண்டையில் செருகிக்கொண்டு வேலைக்குப் போனார். டிராமில் அது எங்கோ விழுந்து தொலைந்தது.

வெள்ளிக்கிழமை முழுகிவிட்டு வந்து, தண்ணீர் விடுமுன் சந்தனக் கட்டையை அந்தக் கல்லில் ஒரு இழுப்பு இழுத்தார். கீழே இருந்த எனக்கு யாரோ எதையோ உயிரோடு உரிக்கிற மாதிரிக் கேட்டது. படியால் பாய்ந்து மேலே போனேன்.

"எடி மேனு, கனடாக் கல்லு அழுகுது."

மாமியின் கணவர் சிவானந்தன் மாமா பேப்பரிலிருந்து தலையை நிமிர்த்தாமலே சொன்னார், "புதுசுதானே. பழகட்டும்."

தண்ணீர் விட்டதும் அது அடங்கிவிட்டது. சந்தனமும் நன்றாகவே அரைபட்டது. பிறகு வந்த வெள்ளிக்கிழமைகளிலும் அதே கல்தான். நானும் நெற்றியில் பூசிக்கொண்டு திரிந்தேன். பிறகு ஒருநாள் வீடியோவில் வந்த அஷ்வின், மாமியின் தோளுக்குப் பின்னால் சாமித்தட்டைக் கண்டுவிட்டான்.

"மாமி, உதென்ன சாமிப் படத்துக்குப் பக்கத்தில?"

"நீ அனுப்பின சந்தனக் கல்லுத்தான் ராசா. நல்லாத் தேயுது."

திரையில் கொஞ்ச நேரம் அஷ்வின் இல்லை, அவன் இருந்த கதிரை மட்டும்தான் தெரிந்தது. திரும்பி வந்தபோது கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான். "அது வான்கோழியைக் கூப்பிடுற சாமான் மாமி! குச்சியால கல்லில உரசினால் பேட்டின்ர சத்தம் வரும். இஞ்சை காட்டில கொண்டுபோறது."

"கூப்பிட்டு?"

"கூப்பிட்டு… கிட்ட வந்த உடனை…" துப்பாக்கி பிடிப்பதுபோல் கையைத் தூக்கிய அஷ்வின், மாமியின் முகத்தைப் பார்த்ததும் அதைத் தலை சொறிவதாக மாற்றிவிட்டான்.

மாமி சேலைத் தலைப்பால் தன் நெற்றியைத் துடைத்தார். பிறகு என் நெற்றியையும், தோல் உரிகிற மாதிரி. கிண்ணம் குசினியில் இழுத்துத் திறக்கிற அடி லாச்சிக்குள், பழுதான மிக்ஸியோடு போய்ச் சேர்ந்தது. அஷ்வினோடு ஒரு கிழமைக்குக் கதை இல்லை.

இதெல்லாம் முன்கதை. இனித்தான் விஷயம்.

போன ஒக்டோபரில் ஒரு வெள்ளிக்கிழமை, கூட்டின் கூரை வலையைக் கழற்றிப் புது வலை போட ஆட்கள் வந்தார்கள். லொறியிலிருந்து இரும்புக் குழாய்கள் சரிந்து விழுந்த சத்தத்தில் துரோபதை எழும்பிப் பறந்துவிட்டாள். கடையில் விற்கிற கொழுத்த இனம் இல்லை அவள், மெலிந்த பழைய இனம். பறப்பாள் என்பது அவளுக்கே அன்றைக்குத்தான் தெரிந்திருக்க வேண்டும்.

சனிக்கிழமை காலையில் பண்ணைக்கு வெளியே ஒரு உயர்ந்த மரத்தில் இருந்தாள். மாமி சோளப் பேணியைக் குலுக்கினார். "துரோபதை, இறங்கடி ராசாத்தி. மாமி வந்திருக்கிறன் பார்."

அவள் கழுத்தைச் சரித்துப் பார்த்தாள். ஒரு கிளை இறங்கினாள். இன்னும் ஒரு கிளை. அப்போது மாமாவின் சட்டைப் பைக்குள்ளிருந்து "புட்! புட்! புட்!" என்று ஒரு வான்கோழி அலறியது.

மாமாவின் போனுக்கு அந்த ரிங்டோனைப் போட்டுக் கொடுத்தது யாரென்று கேட்கவேண்டாம். கூட்டுக்கு முன்னால் ஒருவர் திடீரென்று குடையை விரித்தபோது துரோபதை போட்ட சத்தம் அது. வான்கோழி பாஷையில் அதற்கு "ஓடு" என்று பொருளாம். அவளும் கேட்டாள், ஓடினாள். டிராம் பாதைக்கு மேலால் பறந்து அந்தப் பக்கத்துப் பழைய கல்லறைத் தோட்டத்து மரங்களுக்குள் மறைந்துவிட்டாள்.

மாமா போனைப் பார்த்தார். மாமி என்னைப் பார்த்தார். போன் அடித்துக்கொண்டே இருந்தது.

"எடுத்துக் கதையுங்கோவன்" என்றேன்.

மாமா எடுத்தார். உங்களுக்கு அண்மையில் கார் விபத்து ஏதும் நடந்ததா என்று யாரோ கேட்டார்கள். மாமாவிடம் கார் இல்லை.

மாமி என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பண்ணைப் பொறுப்பாளர் இசபெல் மட்டும் சொல்லவேண்டியதைச் சொன்னார்: கல்லறைத் தோட்டத்தில் நரி வளை இருக்கிறது. மரத்தில் இருக்கும்வரை பயமில்லை. ஆனால் பசித்த பறவை எப்படியும் விடியக் கீழே இறங்கும். எங்கே இறங்கும் என்பதுதான் கேள்வி.

அன்று பின்னேரம் மாமி அடி லாச்சியைத் திறந்தார்.

"இஞ்சேருங்கோ, கூப்பிடுறது பாவமில்லைத்தானே? சுட்டால்தானே பாவம்?"

"ஓம்" என்றார் மாமா. அவருடைய பேச்சில் முக்கால்வாசி அந்த ஒரு சொல்தான்.

அஷ்வினை வீடியோவில் எடுத்து, போனைச் சீனிப் போத்தலில் சாய்த்து வைத்தோம். கல்லின் நுண்துளை எல்லாம் சந்தனம் அடைத்திருந்தது. "மண்கடதாசி போடுங்கோ. ஒரே பக்கமாத் தேயுங்கோ. பேந்து கல்லில விரல் படக்கூடாது, வேர்வை பட்டாச் சத்தம் செத்துப்போகும்" என்றான் அஷ்வின். மாமா தேய்த்தார். குசினி முழுக்கக் கோயில் வாசம்.

"இனிக் குச்சி. கல்லு ஒண்டுதான் மாமி, ஆனால் குச்சிக்குக் குச்சி பேடு மாறும். மரம் பாரமா இறுக்கமா இருந்தால் சத்தம் மெல்லிசா, கூரா வரும். இலேசான மரமெண்டால் கரகரப்பு. பெயின்ற் அடிச்சது, எண்ணெய் ஊறினது சரிவராது, வழுக்கும். வீட்டில என்ன இருக்கு?"

வீட்டில் என்ன இல்லை! மாமி குளிர்சாதனப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு, எங்களுக்கு முதுகைக் காட்டிக் கண்ணை மூடி நின்றார். குச்சி எது என்று தெரியாமல் சத்தத்தை மட்டும் கேட்டுச் சொல்லவேண்டும் என்பது அவருடைய ஏற்பாடு. நான் பேனை பிடிக்கிற மாதிரிக் குச்சியைப் பிடித்து, கல்லில் சின்னச் சின்ன வட்டமாக இழுத்தேன்.

சைனீஸ் கடைச் சாப்பாட்டோடு வந்த குச்சி.

"ஒண்டும் கேக்கேல்லை."

கோலாட்டத் தடி, பெயின்றைச் சுரண்டிவிட்டு.

"உது வான்கோழி இல்லை, கதவு."

மரக் கரண்டியின் காம்பு.

"தடிமன் பிடிச்சுத் தும்முற ஆம்பிளை. வேண்டாம்."

சந்தனக் கட்டை. முதல்நாள் அலறிய அதே கட்டை இப்போது நீர் குடித்து ஊறிப்போய் ஊமையாக வழுக்கியது. "அது என்னோட கோவம்" என்றார் மாமி, திரும்பாமலே கண்டுபிடித்து.

"கருங்காலி ஏதும் இருக்கோ மாமி? அதுதான் இறுக்கமான மரம்" என்றான் அஷ்வின்.

மாமா எழும்பி உள்ளே போனார். வரும்போது கையில் ஆனைக் கத்தி. கடித உறை கிழிக்கிற கருங்காலிக் கத்தி, பிடியில் ஒரு குட்டி ஆனை. ஸ்டேஷன் வாசலில் டிக்கெற் பார்த்த இத்தனை வருடங்களும் கவுன்சில் கடிதங்களை அதனால்தான் கிழிப்பார். வேறு யாரையும் தொடவிடமாட்டார்.

"உங்களுக்கு என்ன விசரே? நுனி போயிடும்" என்றார் மாமி, ஒருதரம் திரும்பிப் பார்த்து.

"ஓம்" என்று சொல்லிக்கொண்டே மாமா மண்கடதாசியை எடுத்துக் கத்தியின் நுனியை உருட்டத் தொடங்கினார்.

நான் இழுத்தேன். மாமி திடுக்கிட்டார். மாமாவும் மரத்தைப் பார்க்கிற மாதிரிக் கூரையைப் பார்த்தார். வான்கோழியேதான், ஆனால் கூவென்று, ஸ்டேஷனின் அந்தக் கடைசித் தொங்கலில் நின்று கூப்பிடுகிற மாதிரி.

மாமி யோசித்தார். "கேக்கும். ஆனால் கிட்ட வந்தாப் பயப்பிடுவாள். அவள் சோளம் தின்னேக்கை தொண்டைக்குள்ள ஒண்டு சொல்லுவாளே, அது இதில இல்லை."

பிறகு மாமியே போய், அடுப்படியில் தொங்கிய சிரட்டை அகப்பையை எடுத்து, சிரட்டையைக் கழற்றிப் போட்டார். கமுகங் காம்பு. எத்தனை சாம்பார் கலக்கியதோ, மேல்நுனி மட்டும் எண்ணெய் படாமல் உலர்ந்து கிடந்தது. அதைக் கல்லில் வைத்து, பிள்ளைக்குத் தலை தடவுகிற மாதிரி மெதுவாக இழுத்தார். சத்தம் கனமாக, கொஞ்சம் உடைந்து, கிட்டத்தில் வந்தது.

அஷ்வின் போனுக்குக் கிட்ட முகத்தைக் கொண்டுவந்தான். "மாமி, உது நல்ல சோடி. தூரத்துக்கு ஒண்டு, கிட்டத்துக்கு ஒண்டு. நானும் அப்பிடித்தான் கொண்டு போறனான்."

"நீ எதுக்குக் கொண்டு போறனி எண்டு எனக்குச் சொல்லாதை" என்று சொல்லி மாமி போனைக் கவிழ்த்து வைத்தார்.

ஞாயிறு விடியும்போது டிராம் பாதையை ஆட்கள் கடக்கிற கடவைக்குப் பக்கத்தில் நின்றோம். புல் நனைந்திருந்ததால் கிண்ணத்தை மாமி கம்பளிச் சட்டைக்குள் வைத்திருந்தார். மாமாவின் போனை நான் வாங்கி அணைத்து, பிறகும் நம்பாமல் என் சப்பாத்துக்குள் போட்டிருந்தேன்.

மாமி ஆனைக் கத்தியால் இழுத்தார். அந்தப் பக்கத்தில் ஒன்றுமில்லை. திரும்ப இழுத்தார். கல்லறைத் தோட்டத்துக்குள்ளிருந்து ஒரு பதில்.

"அவள்தான்" என்றார் மாமி.

மரத்திலிருந்து கறுப்பாக ஒன்று சறுக்கி இறங்கியது. வேலியோரம் வந்து நின்றாள், தலையை நீட்டினாள், திரும்பினாள், போகப் பார்த்தாள். அவளுக்குப் பின்னால் கல்லறைகளுக்கிடையில் செம்பட்டையாக ஒன்று அசைவதை நான் கண்டேன். மாமியும் கண்டார். வாயைத் திறந்தேன். மாமி என் காலை மிதித்தார். கத்தியைக் கீழே போட்டுவிட்டு அகப்பைக் காம்பை எடுத்தார்.

மெதுவாக ஒன்று. விட்டு இன்னும் ஒன்று.

துரோபதை வேலி இடுக்கால் நுழைந்து கடவைக்கு வந்துவிட்டாள். அந்த நேரம் பார்த்து டிராம் வருகிறது. மணி அடித்தால் சரி, எல்லாம் முடிந்தது. மாமா கடவை ஓரத்தில் நின்று ஒரு கையைத் தூக்கினார், உள்ளங்கை முன்னுக்கு. மற்றக் கையின் விரலை உதட்டில் வைத்தார். காலமெல்லாம் ஆட்களை மறித்த கை அது. டிராம் சத்தமில்லாமல் நின்றது. உள்ளே இருந்த சிலர் தலையை நீட்டிப் பார்க்க, துரோபதை தண்டவாளத்தைக் கடந்து, கால்களைத் தூக்கித் தூக்கி வைத்து, மாமிக்கு முன்னால் வந்து நின்றாள்.

கிண்ணத்தைப் பார்த்தாள். மாமியின் பின்னால் பார்த்தாள். என்னைச் சுற்றி வந்து பார்த்தாள். கூப்பிட்ட வான்கோழியைத் தேடினாள்.

"வேற ஒருத்தரும் இல்லையடி" என்றார் மாமி. "நான்தான்."

கொஞ்சம் நின்றாள். பிறகு மாமியின் காலடியில் அப்படியே குந்திவிட்டாள். மாமா தன் கோட்டால் மூடித் தூக்கினார். டிராம்காரர் போகும்போது கையசைத்தார். நரி போய்விட்டிருந்தது. மாமி என்னிடம் கிண்ணத்தைத் தந்துவிட்டு மூக்கைச் சிந்தினார். எனக்கும் குளிரில் கண்ணில் தண்ணீர் வந்தது, ஒக்டோபர்தானே.

அவள் தேடினதை மாமி இசபெலுக்குச் சொன்னார், நடித்தும் காட்டினார். வேறொரு பண்ணையிலிருந்து இரண்டு இளம் பேடுகள் வந்தன. துரோபதை முதல்நாளே அவற்றைக் கொத்திக் கலைத்தாள். இப்போது மூன்றும் ஒன்றாகத்தான் படுக்கின்றன.

மாமா கவுன்சில் கடிதங்களை இப்போது வெண்ணெய்க் கத்தியால் கிழிக்கிறார். ஆனைக் கத்தி பண்ணையில், இசபெலின் அறைச் சுவரில் தொங்குகிறது, அவசரத்துக்கு. அகப்பைக் காம்பையும் கிண்ணத்தையும் மாமி கொடுக்கவில்லை. அவை திரும்பவும் சாமித்தட்டில். கிண்ணத்தின் மரத்தில் ஒரு சந்தனப் பொட்டு, கல்லில் மட்டும் யாரும் கைவைக்கக்கூடாது.

தும்புத்தடித் தட்டும் நின்றுவிட்டது. பின்னேரங்களில் மாமி கிண்ணத்தை நிலத்தோடு சேர்த்துப் பிடித்து இழுக்க, மேலேயிருந்து மெதுவாக ஒன்று கேட்கும். விட்டு இன்னும் ஒன்று. எங்கள் அம்மா சொல்கிறார், "உன்னைத்தானடி, போ." என்னை என்ன வான்கோழி என்று நினைத்தாரா என்று முணுமுணுத்துக்கொண்டேதான் படியேறுகிறேன், அநேகமாக ஓடி.