காலியாகப் போகாத படகு

எனக்கு நீச்சல் தெரியாது. மீனும் சாப்பிடமாட்டேன், சின்ன வயதில் தொண்டையில் மாட்டிய முள் ஒன்று இன்னும் அங்கேயேதான் இருக்கிறது என்பது என் நம்பிக்கை. இந்த இரண்டு தகுதிகளோடு, ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு, ஒரு மீன்பிடிப் படகு வாங்கினேன். கடல் உள்ள ஊரில் வாங்கியிருந்தாலாவது உப்புக் காற்றின் மேல் பழியைப் போட்டுவிடலாம். எங்கள் ஊர் நாமகிரிப்பேட்டைக்குப் பக்கத்தில். சுற்றிலும் மஞ்சளும் மரவள்ளியும்தான்.

என் தொழில் டயர் ரீட்ரேடிங். தேய்ந்துபோன லாரி டயருக்குப் புதுத் தோல் ஒட்டி, இன்னும் கொஞ்ச காலம் ஓட விடுவது. மனிதனுக்கும் அப்படி ஒரு வசதி இருக்கும் என்று நினைத்ததில்தான் எல்லாம் தொடங்கியிருக்க வேண்டும். கடை மேஜையில், ரப்பர் வாசனைக்கு நடுவே உட்கார்ந்து கடற்பயணப் புத்தகங்களாகப் படித்துத் தள்ளியிருக்கிறேன். புயலில் எந்தப் பாயை முதலில் இறக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். எங்கள் ஊர் ஏரியில் எந்தப் பக்கம் ஆழம் என்று தெரியாது.

என் மனைவியின் அண்ணன், அதாவது என் மச்சான், லாரிகள் வைத்திருப்பவர். ஒரு புதுமனை விருந்தில், மோர் சாதத்துக்கு வந்த பிறகும் நான் பக்கத்து இலைக்காரருக்குப் பருவக்காற்றைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தேன். எதிர்ப் பந்தியிலிருந்து மச்சான் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: “எங்க மாப்ள தண்ணியில எறங்கமாட்டாருங்க. புஸ்தகம் நனஞ்சு போயிருமில்ல.”

பந்தியே சிரித்தது. பரிமாறுகிறவர் சிரித்ததில் மோர் என் மடியில் விழுந்தது. நான் எழுந்து போய் கையைக் கழுவியிருக்க வேண்டும். அதற்குப் பதிலாக, வருகிற ஆடிப் பதினெட்டுக்கு ஏரியின் அக்கரையில் இருக்கும் கருப்பனார் கோயிலுக்கு நான் படகில்தான் போகப்போகிறேன் என்று அறிவித்தேன். சிரிப்பு இரண்டு மடங்கானது. அப்போதுதான், பெண்கள் வரிசையில் இருந்து என் மனைவியின் குரல் வந்தது.

“அவரு ஓட்டுவாருண்ணா. முன்னால நா உக்காந்துக்கறேன்.”

கல்யாணமான நாளிலிருந்து பிறந்த வீட்டார் முன்னிலையில் அவள் என் பக்கம் பேசியது அதுதான் முதல் தடவை. என்னைப் பார்த்துச் சிரிப்பதில் அதுவரை அவள் யாருக்கும் பின்தங்கியதில்லை. இல்லாத படகைப் பற்றி நான் பேசினால் அது வழக்கமான உளறல். அவள் சொன்னால் அது வாக்கு. அந்த நிமிடம் முதல் படகு என் ஆசையாக இல்லாமல், அவளுக்கு நான் கொடுக்க வேண்டிய ஜாமீனாகிவிட்டது.

ஏரி மீன் குத்தகைக்கு விடப்பட்டிருந்ததால் குத்தகைக்காரரிடம் அனுமதி கேட்கப் போனேன். என் வயிற்றையும் கண்ணாடியையும் கொஞ்ச நேரம் பார்த்தார். நீங்கள் பிடிக்கப்போகிற மீனைப் பற்றி எனக்கு ஒரு கவலையும் இல்லை, தாராளமாகப் பிடித்துக்கொள்ளுங்கள் என்றார். அதைப் பெருந்தன்மை என்று எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

படகு சேலத்தில் கிடைத்தது. ரயில்வேயில் ஓய்வு பெற்ற ஒரு கத்தோலிக்கப் பெரியவர், வாசலில் மாதா சொரூபத்துக்குப் பக்கத்திலேயே தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருந்தார். ஃபைபர் படகு, இரண்டு பேர் உட்காரலாம், இழுத்துப் போவதற்கு இரண்டு சக்கர ட்ரெய்லரும் உண்டு. மேட்டூர் அணையில் மீன் பிடிக்கலாம் என்று வாங்கினாராம். பங்குச் சாமியார் வந்து தீர்த்தம் தெளித்து ஆசீர்வதித்தாராம். அதற்குப் பிறகு அவருக்கு மூட்டுவலி வந்துவிட்டது. ஆக, அந்தப் படகின் மேல் அதுவரை பட்ட ஒரே தண்ணீர் சாமியார் தெளித்ததுதான். இதை அவர் மறைக்கவில்லை. புதுசு மாதிரி இருக்கிறது என்பதற்கு ஆதாரமாகவே சொன்னார். நானும் அப்படியே எடுத்துக்கொண்டேன்.

இழுத்து வர வண்டி வேண்டும். என் காரில் கொக்கி இல்லை. கொக்கி வைத்த பிக்கப் எங்கள் வட்டாரத்தில் ஒருவரிடம்தான் இருந்தது. யாருக்கு எதிராகப் படகு வாங்கினேனோ அவரிடமே போய் நின்றேன். மச்சான் கேலி எதுவும் செய்யாமல் கிளம்பினார். அதிலேயே நான் சுதாரித்திருக்க வேண்டும். வழியெல்லாம் ட்ரெய்லரின் சக்கர பேரிங்கைப் பற்றி அக்கறையாகப் பேசிக்கொண்டே வந்தார்.

திரும்பும் வழியில் சுங்கச்சாவடிப் பையன் வெளியே எட்டிப் பார்த்து, பின்னால் வருவது என்ன வண்டி என்று கேட்டான்.

“அது வண்டியில்ல சாமி, லோடு,” என்றார் மச்சான்.

நெடுஞ்சாலையை விட்டு இறங்கி கொஞ்ச தூரம் வந்ததும், ஒரு சேகோ ஆலைக்குள் பிக்கப்பைத் திருப்பினார். மரவள்ளியிலிருந்து ஜவ்வரிசி எடுத்த பிறகு மிஞ்சுகிற திப்பி அங்கே ஈரமாகக் குவிந்து கிடந்தது. மாடுகளுக்கு அது பால்கோவா. நமக்குப் புளித்த வாசனை அடிக்கும் வெள்ளைச் சேறு. மச்சான் வீட்டில் மாடுகள் அதிகம்.

“வண்டி ஒண்ணு காலியா ஊட்டுக்குப் போனா எனக்கு வயித்தப் பெசையுமுங்க மாப்ள,” என்றார்.

“இப்பத்தான லோடுன்னு சொன்னீங்க?”

“அது அங்க. இங்க சக்கரம் இருக்குதில்லீங்களா?”

எங்கள் பக்கத்து ஆட்களின் மதம் இதுதான் என்று எனக்கு அப்போது முழுசாகப் புரிந்தது. குஜராத்துக்குக் கோழி முட்டை ஏற்றிப் போன லாரி திரும்பி வரும்போது வெங்காயமாவது ஏற்றி வராவிட்டால் டிரைவரை யாரும் மதிக்கமாட்டார்கள். ரிட்டர்ன் லோடு இல்லாத பயணம் பாவக்கணக்கில் சேரும். ஆட்கள் மண்வெட்டியோடு வந்தார்கள். படகு பார்ப்பதற்கும் தொட்டி மாதிரியே இருந்ததால் அவர்களுக்கு ஒரு சந்தேகமும் எழவில்லை. விளிம்பு வரை ரொப்பி, மேலே மண்வெட்டியால் தட்டி அமுக்கினார்கள். ஆலை வாசல் பள்ளத்தில் இறங்கும்போது படகின் அடியில் எங்கோ ‘டப்’ என்றது.

என்ன சத்தம் என்று கேட்டேன்.

“லோடு அமருது,” என்றார்.

அவர் சொன்ன விதத்தில் ஒரு தொழில் கம்பீரம் இருந்தது. பாய்மரக் கப்பல்களின் முறிவுகளைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் படித்திருந்த நான், சரி, அமர்கிறது என்று சாய்ந்து உட்கார்ந்தேன்.

திப்பியை இறக்கிய பிறகு மாடுகள் படகின் உள்பக்கத்தை நக்கியே சுத்தம் செய்தன. வாசனை மட்டும் போகவில்லை. பிராயச்சித்தமாக மச்சான் அதை லாரி பாடி கட்டும் பட்டறைக்கு அனுப்பினார். அங்கே கீறல் விழுந்த இடங்களில் பட்டி வைத்துத் தேய்த்து, மஞ்சளும் சிவப்பும் அடித்து, முன்னால் ஒரு தாமரை, இரண்டு பக்கமும் கிளிகள், பின்பக்கம் பெரிய எழுத்தில் ‘ஹாரன் ப்ளீஸ்’ என்று எழுதிக் கொடுத்தார்கள். எனக்குப் பின்னால் வருகிற கெண்டை மீன் எதை அடிக்கும் என்று கேட்க நினைத்தேன். ஆனால் படகு உண்மையிலேயே அழகாக இருந்தது.

ஆடிப் பதினெட்டுக்கு முந்தின நாள் எல்லோரும் சேர்ந்து சோதனை போட்டோம். ட்ரெய்லருக்குக் காற்று பார்த்தோம், பேரிங்குக்குக் கிரீஸ் வைத்தோம், பின்விளக்கு எரிகிறதா என்று பார்த்தோம். ஒரு தடவை தண்ணீரில் விட்டுப் பார்க்கலாம் என்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. சக்கரம் வைத்து வந்த எதையும் நாங்கள் அப்படிச் சோதித்ததில்லை.

அந்த வருடம் கோடை மழை நன்றாகப் பெய்து ஏரியில் தண்ணீர் இருந்தது. உறவுக்காரர்கள் கரையில் கூடிவிட்டார்கள். மச்சான் ட்ரெய்லர் சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினார். படகுக்குச் சந்தனம், குங்குமம், மாலை. தேங்காயைப் படகின் மூக்கிலேயே உடைக்க ஓங்கியவரின் கையைப் பிடித்துத் தடுத்தேன். அன்றைக்கு நான் செய்த ஒரே புத்திசாலித்தனமான காரியம் அது, அதனாலும் ஒரு பயனும் இல்லை.

என் மனைவி பட்டுப்புடவையில், பூசைத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு, சொன்னபடியே முன்னால் உட்கார்ந்தாள். நான் பின்னால் துடுப்போடு. இரண்டு பேர் தள்ளிவிட்டார்கள்.

மிதந்தது. அதை மட்டும் யாரும் என்னிடமிருந்து பிடுங்க முடியாது. மச்சான் படம் எடுக்கத் தூக்கிய செல்போனை மெல்ல இறக்கியதை என் கண்ணால் பார்த்தேன். நான் துடுப்பை ஒரு தடவை வலித்தேன், இரண்டாம் தடவை வலித்தேன். மனைவியின் முதுகு நிமிர்ந்தது. அந்த முதுகுக்காகவே இன்னொரு படகு வாங்கலாம் என்று தோன்றியது.

அவள் திரும்பாமலே கேட்டாள்: “ஏனுங்க, படகுன்னா உள்ளயும் தண்ணி இருக்குமுங்களா?”

குனிந்து பார்த்தேன். திப்பி கரைந்த பால் நிறத் தண்ணீர் அவள் கொலுசை மூடியிருந்தது. கொஞ்சம் இருக்கும் என்றேன், படித்தவன் என்கிற தைரியத்தில். துடுப்பைப் போட்டுவிட்டு, பூசைச் சொம்பை எடுத்துத் தண்ணீரை இறைக்க ஆரம்பித்தேன். சொம்பில் வெளியே போவதைவிட அடியில் உள்ளே வருவது நிதானமாகவும் அதிகமாகவும் இருந்தது. பதற்றத்தில் கரையைத் திரும்பிப் பார்க்கப் போனேன்.

“திரும்பாதீங்க. எங்கண்ணன் பாத்துட்டிருக்குது. சிரிச்ச மூஞ்சியா இருங்க.”

சிரித்த முகமாக மூழ்கினோம். மூழ்கினோம் என்பதுகூடப் பெரிய வார்த்தை. படகு மெதுவாக இறங்கி, சேற்றில் ‘சொத்’தென்று உட்கார்ந்தது. இடுப்பளவுத் தண்ணீர். மரணத்தைப் பற்றி நான் சேகரித்து வைத்திருந்த கம்பீரமான எண்ணங்களுக்கு அங்கே ஆழம் போதவில்லை.

அவள் எழுந்தாள். தட்டைத் தலையில் வைத்தாள், புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏரியில் இறங்கினாள். “கயித்த எடுங்க. அக்கரைக்குப் போறமுன்னு சொல்லியாச்சு,” என்றாள்.

எடுத்தேன். எங்கள் எடை போனதும் படகு சேற்றை விட்டுக் கொஞ்சம் எழும்பி, பாதி மிதந்தும் பாதி தரை தட்டியும் வந்தது. சேலத்திலிருந்து பிக்கப் இழுத்ததை ஏரியில் நான் இழுத்தேன். ஒரு மீன் என் காலில் மோதிவிட்டுப் போனது. மீன்பிடித் தொழிலில் நான் எட்டிய உச்சம் அதுதான். நடுவழியில் தண்ணீரில் கிடந்த எருமைகள் சில திப்பி வாசனை பிடித்து எழுந்து, படகுக்குள் மூக்கை விட்டபடி பின்னாலேயே வந்தன. எதுவும் ஹாரன் அடிக்கவில்லை.

மச்சான் ஏரிக்கரை மேல் பிக்கப்பை ஓட்டிக்கொண்டு வந்து எங்களுக்கு முன்பே கோயிலில் இருந்தார். ஈரம் சொட்டும் தங்கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சிரிப்பார் என்று நின்றேன். அவர் கரையேறிய படகைச் சாய்த்து, அதன் அடியில் பட்டி உதிர்ந்து நீளமாகப் பிளந்திருந்த இடத்தை விரலால் தடவினார்.

“லோடு சித்த சாஸ்தியாத்தான் போயிருச்சாட்ட இருக்குது,” என்று படகிடம் சொன்னார். தங்கை தலையிலிருந்த தட்டை அவரே இறக்கி வாங்கினார்.

பொங்கல் வைத்துக் கும்பிட்டுவிட்டுக் கிளம்பினோம். ட்ரெய்லரைக் கொண்டுவந்து படகை ஏற்றினார்கள். அதிலும் பொங்கல் அண்டாவும், மிச்ச விறகும், கால் வலிக்கிற ஒரு அத்தையும் ஏறிக்கொண்டார்கள். இப்போது அது மச்சானின் கட்டுத்தரையில், கிளிகளும் தாமரையும் மங்காமல், திப்பித் தொட்டியாக இருக்கிறது. மாடுகள் தின்னும் பக்கம்தான் ‘ஹாரன் ப்ளீஸ்.’

அன்று சாயங்காலம் எடப்பாடியிலிருந்து மனைவியின் அக்கா போன் செய்தார். சொன்னபடி படகில் போனீர்களா என்று கேட்டிருக்க வேண்டும். நான் கதவுக்கு இந்தப் பக்கம், துண்டால் தலையைத் துவட்டுகிற பாவனையில் நின்றேன். அவள் தன் அண்ணனையும் காட்டிக்கொடுக்கவில்லை, என்னையும் காட்டிக்கொடுக்கவில்லை, பொய்யும் சொல்லவில்லை.

“போனமுங்க்கா,” என்றாள். “தண்ணியிலதான் போனம். படகுந்தான் எங்ககூடவே வந்துச்சு.”