கழுவாத பன்னீர் திராட்சை

நாட்டு வாழைத்தார்களைப் புகை போட்டு மூடி வைத்திருக்கும் கிடங்கின் கதவைத் திறந்தால் முகத்தில் ஒரு வாசம் வந்து அடிக்குமே... சின்னமனூர் பக்கம் பஸ்ஸில் போனவர்களுக்குத் தெரியும்.

அந்த வாசத்தை முதல் வேலையில் சேர்ந்த மூன்றாம் நாள், பெங்களூரில், ஒரு பீர் டம்ளருக்குள் முகர்ந்தேன்.

மைக்ரோபயாலஜி முடித்து, பீர் காய்ச்சும் ஒரு சின்ன ப்ரூவரியின் லேபில் ட்ரெயினியாகச் சேர்ந்திருந்தேன். எங்கள் குடும்பத்தில் முதல் டிகிரி என்னுடையதுதான். வீட்டில் "ஜூஸ் கம்பெனி" என்று சொல்லி வைத்திருந்தேன்.

தினமும் பதினோரு மணிக்கு டேஸ்டிங். எல்லோரும் ஆளுக்கொரு வார்த்தை சொல்வார்கள். நான் டம்ளரைப் பார்த்துக்கொண்டே நிற்பேன். அன்று கோதுமை பீர். வாய் தானாகத் திறந்துவிட்டது.

"மேடம், இதுல வாழைப்பழம் போட்டிருக்கீங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். காது சூடாகிவிட்டது எனக்கு. ப்ரூவர் சுனிதா மேடம் மட்டும் சிரிக்கவில்லை. "போடல. ஈஸ்ட் பண்ற வேலை அது. கரெக்டா புடிச்சுட்டே நீ," என்றார் தன் பெங்களூர்த் தமிழில்.

பழமே இல்லாமல் பழ வாசம்! அன்று முழுக்க அதே நினைப்பு. அதன் பிறகு டேஸ்டிங்குக்கு ஐந்து நிமிடம் முன்னாலேயே போய் நிற்க ஆரம்பித்தேன். ஒன்றில் வறுத்த காபிக்கொட்டை, ஒன்றில் கொத்தமல்லி விதை, ஒன்றில் மழை நனைத்த வைக்கோல்...

ஒருநாள் மேடம் கேட்டார். "உங்க ஊர்ல என்ன வெளையும்?"

"பன்னீர் திராட்சை, மேடம். எங்க அப்பாவே போட்டிருக்காரு."

அதைப் பீரில் போட்டுப் பார்க்க, அடுத்த அறுப்புக்கு மேடம் என்னையும் கூட்டிக்கொண்டு காரில் கிளம்பிவிட்டார். தேனி தாண்டியதும், வீட்டில் ஜூஸ் கம்பெனி என்று சொல்லி வைத்திருப்பதை மேடத்திடம் சொன்னேன். "நான் பொய் சொல்ல மாட்டேன். நானா சொல்லவும் மாட்டேன். நீயே சொல்லிடு," என்றார்.

காமயகவுண்டன்பட்டி வரைக்கும் நான் சொல்லவில்லை. வீட்டில் காபி குடிக்கும்போதும் சொல்லவில்லை. பந்தலுக்குள் குனிந்து நுழையும்போதும்...

அப்பா ஏற்கெனவே பத்து டிரே நிரப்பி வைத்திருந்தார். கருகருவென்று பெரிய குலைகள். "ஆத்தாவோட கம்பெனிக்குன்னு கடைசி ரெண்டு வரிசையில பொறுக்கி அறுத்தது," என்றார் மேடத்திடம், என்னைக் காட்டி. "அங்கன மோட்டார் ரூம்ல தண்ணி போட்டு நல்லா அலசித் தந்துர்றேன்."

மேடம் ஒரு குலையைத் தூக்கி முகர்ந்தார். தோலின் மேல் சாம்பல் பூத்தது போல இருக்கும் படிவை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"கழுவ வேணாங்க. இந்தப் பூச்சுலதான் எங்களுக்கு வேண்டிய ஈஸ்ட் இருக்கு. அப்படியே போடுவோம்."

அப்பாவின் கை டிரேயிலேயே நின்றது.

"ஜூஸ் போடுறவக கழுவாமயா போடுவாக?" மேடத்திடம் கேட்டதுதான். பார்த்தது என்னை.

"அங்க போயி கழுவிக்குவாகப்பா" என்று ஒரு பதில் நாக்கு நுனி வரை வந்தது. அதைச் சொல்லியிருந்தால் டிரேக்கள் காரில் ஏறியிருக்கும்.

"ஜூஸ் இல்லப்பா... பீரு."

பக்கத்து வரிசையில் அம்மாவின் கத்திரிச் சத்தம் நின்றது. "அடியே! பொண்ணு பாக்க வந்தவககிட்ட எல்லாம் ஜூஸ் கம்பெனின்னுதேனடி சொன்னேன்!"

அப்பா அம்மாவைத் திரும்பிப் பார்க்கவில்லை. "நீ குடிக்கிறியா?"

"ருசி பாக்கணும்ப்பா. ரெண்டு வாய். அதேன் வேலை."

அப்பா முதல் டிரேயைத் தூக்கிக் கொண்டுபோய்த் தூரமாக வைத்தார். பிறகு இரண்டாவது. எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். பழமும் இல்லை, நாளையிலிருந்து வேலையும் இல்லை. மேடம் கார் சாவியை எடுத்துவிட்டார்.

பத்தாவது டிரேயையும் வைத்துவிட்டு அப்பா வந்தார்.

"அது மருந்தடிச்சு பத்து நாளுதேன் ஆச்சு. கழுவுறவகளுக்குன்னா சரி. கழுவாமப் போட்டா ஆகாது. வாய்க்காப் பக்கத்து வரிசையில மருந்து காட்டியே ரொம்ப நாளாச்சு. குலை சின்னதா இருக்கும், பரவால்லையா?"

மேடத்துக்கு முகம் வெளுத்துவிட்டது. அந்த மருந்து ஈஸ்டையும் கொன்றிருக்கும் என்று எனக்கும் அப்போதுதான் உறைத்தது. ஜூஸ் என்று நான் சொன்ன ஒரு வார்த்தையை நம்பித்தான் அப்பா அந்த வரிசையை அறுத்திருந்தார்.

"முன்னயே சொல்லியிருந்தா ஒரு நாள் வேலை மிச்சம்," என்றார் என்னிடம். அவ்வளவுதான் திட்டு.

ஒரு மாதம் கழித்து அப்பாவே போன் செய்தார். "நம்ம பழம் எப்படி இருக்கு?"

"ரோஸ் கலருப்பா. பந்தலுக்குள்ள நிக்கிற மாதிரி வாசம். இனிப்பு மட்டும் இல்ல."

"இனிப்பு எங்கன போச்சு?"

"ஈஸ்ட் தின்னுருச்சு."

"அம்புட்டையுமா?"

இப்போது டேஸ்டிங்கில் முதலில் பேசுவது நான்தான். கோதுமை பீரை முகர்ந்தால் அந்த வாசத்தின் கெமிக்கல் பெயர்தான் முதலில் வருகிறது. வாழைக்கிடங்கு கொஞ்சம் தாமதமாக, பின்னால் வருகிறது. சில நாள் வருவதே இல்லை. புதிதாகச் சேர்ந்தவர்கள் "பழம் போட்டீங்களா?" என்று கேட்கும்போது கொஞ்சம் பொறாமையாக இருக்கும்.

போன முறை ஊருக்குப் போனபோது டவுன் பஸ்ஸில் யாரோ அப்பாவிடம் என் வேலையைப் பற்றிக் கேட்டார்கள். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.

"ஜூஸ் கம்பெனிங்க," என்றார் அப்பா, ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு. பிறகு என் பக்கம் குனிந்து குரலைத் தாழ்த்தினார்.

"வாய்க்காப் பக்கம் இந்தத் தடவையும் மருந்து காட்டலத்தா. உனக்குன்னு விட்டு வச்சிருக்கேன்."